எந்தப் பள்ளி என்று யார் முடிவு செய்வது? வாசகர் கேள்வி பதில்

கேள்வி: காரைக்குடியில் வாடகைக்கு இருக்கிறோம். ரேஷன் கார்டு சாக்கோட்டைப் பக்கத்துக் கிராம முகவரியில் இருக்கிறது. கல்வி உரிமைச் சட்டப்படி தனியார் பள்ளிகளில் அரசே கட்டணம் கொடுக்கும் 25 சதவீத ஒதுக்கீட்டில் மகளை எல்.கே.ஜி. சேர்க்க முடியுமா?

பதில்: முடியும், ஆனால் முதலில் முகவரியைச் சரிசெய்யுங்கள். வீட்டிலிருந்து 1 கிலோமீட்டருக்குள் இருக்கும் பள்ளிக்குத்தான் முன்னுரிமை. கார்டு ஒரு ஊரிலும் குடியிருப்பு வேறு ஊரிலும் இருந்தால் சரிபார்ப்பில் விண்ணப்பம் அடிபடும். இங்கே நிராகரிப்புகள் பல இப்படித்தான் வருகின்றன. ஆதார், ரேஷன் கார்டு இரண்டிலும் ஒரே முகவரி இருக்கட்டும்.

ஜூலை 31 அன்று குழந்தைக்கு 3 வயது முடிந்திருக்க வேண்டும். பிற்படுத்தப்பட்டோர், மிகப் பிற்படுத்தப்பட்டோர், பட்டியலினத்தார் சாதிச் சான்றைக் காட்டி வாய்ப்பு மறுக்கப்பட்ட பிரிவில் விண்ணப்பிக்கலாம். ஆண்டு வருமானம் 2 லட்சத்துக்குக் கீழ் என்றால் வருமானச் சான்றைக் காட்டி நலிவடைந்த பிரிவில் வரலாம். வருமானச் சான்றுக்கு இ-சேவை மையத்தில் 60 ரூபாய். வி.ஏ.ஓ., ஆர்.ஐ., தாசில்தார் என்று மூன்று மேசை தாண்டி வரவேண்டியிருப்பதால் பிப்ரவரியிலேயே போட்டுவிடுங்கள். விண்ணப்பம் வழக்கமாக ஏப்ரலில் தொடங்கும். 2025-இல் மத்திய நிதி இழுபறியால் அக்டோபர் வரை தள்ளிப்போனது, எனவே அறிவிப்பைப் பார்த்துக்கொண்டே இருங்கள். இடத்தைவிட மனு அதிகமானால் குலுக்கல்தான். அங்கே சிபாரிசு எடுபடாது.

ஒதுக்கீடு நுழைவு வகுப்புக்கு மட்டுமே. இரண்டாம் வகுப்பில் போய்க் கேட்டால் கிடைக்காது. வேன் கட்டணமும் உங்கள் செலவுதான்.

கேள்வி: எங்கள் ஊரில் அறக்கட்டளை நடத்தும் பள்ளி, 25 சதவீதப் பட்டியலிலேயே இல்லை. அதுவும் தனியார் பள்ளிதானே? (தேவகோட்டை வாசகர்)

பதில்: செட்டிநாட்டில் இந்தக் குழப்பம் அதிகம். நகரத்தார் தொடங்கிய பழைய பள்ளிகள் பலவும் அரசு உதவிபெறுபவை. ஆசிரியர் சம்பளம் அரசுப் பணம் என்பதால் அவை இந்தப் பட்டியலில் வராது. அங்கே உதவிபெறும் பிரிவில் சேர்க்கிறீர்களா, சுயநிதி ஆங்கில வழிப் பிரிவில் சேர்க்கிறீர்களா என்று கேட்டுக்கொள்ளுங்கள். ஒரே வளாகம்தான், கட்டணம் வேறு. சிறுபான்மையினர் பள்ளிகளுக்கு 2014-இல் உச்ச நீதிமன்றம் விலக்கு அளித்துவிட்டது.

கேள்வி: ஒதுக்கீட்டில் படிக்கும் மகள் இப்போது ஏழாம் வகுப்பு. எட்டு முடிந்ததும் என்ன செய்வது?

பதில்: இதைத்தான் எல்.கே.ஜி. சேர்க்கும்போதே யோசித்திருக்க வேண்டும், யாரும் யோசிப்பதில்லை. அரசு எட்டாம் வகுப்பு வரைதான் கட்டணம் கொடுக்கும். ஒன்பதில் பள்ளி முழுக் கட்டணம் கேட்டால் அது சட்டப்படி சரி. உங்களுக்கு ஒரு வாசல் திறந்திருக்கிறது: மருத்துவப் படிப்பில் அரசுப் பள்ளி மாணவருக்கான 7.5 சதவீத உள் ஒதுக்கீடு ஆறு முதல் பன்னிரண்டு வரை அரசுப் பள்ளியில் படித்தவர்களுக்கு உரியது. ஆனால் கல்வி உரிமைச் சட்ட ஒதுக்கீட்டின் கீழ் தனியார் பள்ளியில் எட்டு வரை படித்துவிட்டு, ஒன்பது முதல் பன்னிரண்டு வரை அரசுப் பள்ளியில் படித்தவர்களும் இதில் சேர்வார்கள். கல்லூரிக்குப் போகும்போது மாதம் 1,000 ரூபாய் தரும் புதுமைப்பெண் திட்டத்துக்கும் இப்படியே.

மாற்றுவதானால் ஒன்பதாம் வகுப்புத் தொடக்கத்திலேயே மாற்றிவிடுங்கள். பத்தாம் வகுப்பு வரை பார்த்துக்கொள்ளலாம் என்று தள்ளிப்போட்டால் இரண்டும் போய்விடும். உதவிபெறும் பள்ளியில் சேர்த்தாலும் 7.5 கிடையாது. ஒதுக்கீட்டில் படித்ததற்கான சான்றைப் பழைய பள்ளியில் கேட்டு வாங்கி வைத்துக்கொள்ளுங்கள். நாலு ஆண்டு கழித்து அலைவது கடினம்.

கேள்வி: கட்டணப் பாக்கி இருப்பதால் டி.சி. தர மறுக்கிறார்கள். அரசுப் பள்ளியில் சேர்ப்பது எப்படி? (புதுவயல் வாசகி)

பதில்: எட்டாம் வகுப்பு வரை டி.சி. வரத் தாமதமாகிறது என்பதற்காகச் சேர்க்கையைத் தள்ளிப்போடவோ மறுக்கவோ கூடாது. கல்வி உரிமைச் சட்டத்தின் 5-ஆம் பிரிவு இதைச் சொல்கிறது. டி.சி.யைப் பாக்கி வசூலிக்கும் கருவியாக்கக் கூடாது என்று 2024-இல் சென்னை உயர் நீதிமன்றமும் சொல்லிவிட்டது. பாக்கியைப் பள்ளி வேறு வழியில் வசூலிக்கட்டும்.

நடைமுறையில் முட்டுவது எமிஸ் எனப்படும் பள்ளிக் கல்வித் துறையின் இணையவழி மாணவர் பதிவில்தான். பழைய பள்ளி குழந்தையின் பெயரைத் தன் பட்டியலிலிருந்து விடுவித்து, எமிஸில் பள்ளி மாறுவோருக்கான பொதுப் பட்டியலான காமன் பூலுக்கு விடாவிட்டால் புதிய பள்ளியால் பதிவேற்ற முடியாது. எமிஸ் எண்ணைக் குறிப்பிட்டு, சிவகங்கையில் உள்ள தனியார் பள்ளிகளுக்கான மாவட்டக் கல்வி அலுவலருக்கு எழுத்தில் மனு கொடுத்து ஒப்புகை வாங்குங்கள். அசையாவிட்டால் திங்கட்கிழமை ஆட்சியர் குறைதீர் கூட்டத்தில் அதே மனுவின் நகலைக் கொடுங்கள். பள்ளிக் கல்வித் துறையின் உதவி எண்ணான 14417-இலும் புகாரைப் பதியலாம். வாய்மொழியாகச் சொன்ன புகாருக்கு அலுவலகத்தில் கோப்பு இருக்காது.