ஸ்பொன்சரில் வந்த தங்கச்சிக்கு: வெளிக்கிட்டால் பேப்பர் என்னாகும், காசுக்கு என்ன செய்வது?

தங்கச்சி, நீங்கள் எழுதியதை வடிவாக வாசித்தேன். யாழ்ப்பாணத்திலிருந்து கணவரின் ஸ்பொன்சரில் ரொறன்ரோவின் ஸ்காபரோவுக்கு வந்து ஒன்றரை வருடம். மூன்று வயது மகள். மாமா, மாமியோடு ஒரே வீடு. பக்டரிச் சம்பளம் முழுக்க அவருடைய பாங்கில் விழுகிறது. அடி தொடங்கிக் கனகாலம். “வெளிக்கிட்டால் பி.ஆரைப் பறித்து அனுப்பிவிடுவார்களாம். பிள்ளையோடு காசில்லாமல் எங்கே போவது அக்கா?” என்று கேட்டிருக்கிறீர்கள். நான் இங்கே வந்து இருபது வருடம் கடந்துவிட்டது. ஷெல்ரருக்கு, அதாவது அடியிலிருந்து தப்பிய பெண்கள் தங்கும் இடத்துக்கு, வரும் எங்கடை பெண்களுக்கு மொழிபெயர்க்கப் போய்வருகிறேன். ஒன்ராறியோவில் இருக்கிற ஒழுங்குகளையும், அவை நடைமுறையில் எப்படி ஓடுகின்றன என்பதையும் சொல்கிறேன்.

முதலில் பேப்பர் விஷயம், ஏனென்றால் உங்களைக் கட்டிவைத்திருப்பது அந்தப் பயம்தான். நீங்கள் கனடாவில் வந்து இறங்கிய அன்றே நிரந்தர வதிவிடம் (பி.ஆர்) கிடைத்துவிட்டது. அது உங்கள் பேரில் உள்ள உரிமை. கணவர் கடிதம் எழுதினாலும், மாமி ஆரிடம் போய் முறையிட்டாலும், பிரிந்து போனீர்கள் என்ற ஒரே காரணத்துக்காக அதைப் பறிக்க முடியாது. 2012இல் ஒரு சட்டம் வந்தது உண்மை. சில ஸ்பொன்சர் துணைகள் இரண்டு வருடம் கணவனோடோ மனைவியோடோ சேர்ந்து வாழவேண்டும், இல்லாவிட்டால் பி.ஆர் போய்விடும் என்று அது சொன்னது. பெண்கள் அடியைத் தாங்கிக்கொண்டு வீட்டுக்குள் இருக்க அதுவே காரணமாகிறது என்று பல அமைப்புகள் போராடின. 2017 ஏப்ரலில் அரசாங்கம் அதை எடுத்துவிட்டது. ஆனால் எங்கடை வீடுகளில் அந்தச் சட்டம் இன்னும் உயிரோடு இருக்கிறது. பயமுறுத்த வசதியான ஆயுதம் என்பதால் ஒருவரும் அதைக் கைவிடுவதில்லை.

இதை வாசிக்கிற வேறு யாருக்காவது பி.ஆர் இன்னும் வரவில்லை, கனடாவுக்குள் இருந்தபடியே ஸ்பொன்சர் விண்ணப்பம் ஓடிக்கொண்டிருக்கிறது என்றால் நிலைமை வேறு. பி.ஆர் கிடைக்கும்வரை ஸ்பொன்சரைக் கணவர் வாபஸ் வாங்கலாம். அப்படியானவர்களுக்கென்று 2019 ஜூலையிலிருந்து ஒரு விசேட தற்காலிக வதிவிட அனுமதி இருக்கிறது. குடும்ப வன்முறையிலிருந்து தப்புகிறவர்களுக்கு முதல் அனுமதிக்குக் கட்டணமில்லை. குறைந்தது ஆறு மாதத்துக்குக் கொடுப்பார்கள், வேலை அனுமதிக்கும் விண்ணப்பிக்கலாம். இதைத் தனியாக நிரப்பி அனுப்பாமல் கட்டாயம் குடிவரவு லோயரிடம் போங்கள். ஒன்ராறியோ தெற்காசியச் சட்ட உதவி மையத்துக்கு இந்த மாதிரி வழக்குகள் நன்றாகத் தெரியும்.

இன்னொரு பயம், “ஸ்பொன்சர் எண்டபடியால் வெல்பெயர், அதுதான் அரசாங்க உதவிக் காசு, எடுக்க ஏலாது” என்பது. துணையை ஸ்பொன்சர் பண்ணுகிறவர் மூன்று வருடத்துக்கு அவரைப் பார்த்துக்கொள்வேன் என்று அரசாங்கத்துக்குக் கையெழுத்து வைக்கிறார். அது அவருக்கும் அரசாங்கத்துக்கும் இடையிலான ஒப்பந்தம். உங்களைப் பட்டினி போட அது காரணமாகாது. வன்முறையால் வெளிக்கிட்டேன் என்று, வெல்பெயர் கொடுக்கிற ஒன்ராறியோ வேர்க்ஸில் முதல் நாளே சொல்லுங்கள். மறைத்துவிட்டு “சும்மா பிரிஞ்சிட்டம்” என்று சொன்னால், கணவரைக் கூப்பிட்டுக் கேட்கவேண்டும் என்ற மாதிரித் தேவையில்லாத சிக்கல்கள் வரும். அங்கே வெட்கப்பட ஒன்றுமில்லை, அவர்கள் ஒவ்வொரு நாளும் கேட்கிற கதைதான்.

காசைப் பற்றி உள்ளதை உள்ளபடி சொல்கிறேன். ஒன்ராறியோ வேர்க்ஸில் பிள்ளையில்லாத தனி ஆளுக்கு மாதம் ஆகக்கூடியது 733 டொலர், ஒரு பிள்ளையோடு இருக்கும் தாய்க்குச் சுமார் 1,000 டொலர். இதோடு பிள்ளைக்காக அரசாங்கம் கொடுக்கிற கனடா சைல்ட் பெனிபிற் தனியாக வரும். 2025 ஜூலையிலிருந்து 2026 ஜூன்வரை ஆறு வயதுக்குட்பட்ட பிள்ளைக்கு வருடத்துக்கு ஆகக்கூடியது 7,997 டொலர், மாதக் கணக்கில் 666. குறைந்த வருமானம் என்றால் முழுத்தொகையும் கிடைக்கும், அதை வெல்பெயரில் கழிக்கவும் மாட்டார்கள். இரண்டையும் கூட்டினாலும் ரொறன்ரோ வாடகைக்குப் போதாது. அதனால்தான் எடுத்தவுடனே அப்பார்ட்மென்ட் தேடவேண்டாம், ஷெல்ரரிலிருந்து தொடங்குங்கள் என்கிறேன். அங்கே வாடகை இல்லை, சாப்பாடு இருக்கிறது, முகவரியை வெளியே சொல்லமாட்டார்கள்.

சைல்ட் பெனிபிற் இப்போது யாருடைய பாங்கில் விழுகிறது என்று பாருங்கள். பெரும்பாலும் அவருடையதாகத்தான் இருக்கும். உங்கள் பேரில் புது பாங்க் கணக்குத் திறந்து, வருமானவரித் திணைக்களத்தில் வைப்பு விபரத்தை மாற்றவேண்டும். அந்த இணையக் கணக்கின் பாஸ்வேர்ட் அவரிடம் இருந்தால் முதலில் அதை மாற்றுங்கள். பிரிந்து தொடர்ந்து 90 நாள் ஆனதும் பிரிவை அறிவிக்க வேண்டும். அதற்குப் பிறகு உங்கள் தனி வருமானத்தை வைத்துக் கணக்குப் பார்ப்பார்கள். வரிப் பத்திரம் ஒவ்வொரு வருடமும் போடவேண்டும், வருமானமே இல்லாவிட்டாலும் போடவேண்டும். அது போடாமல் காசு நின்றுபோன பெண்களை நிறையப் பார்த்திருக்கிறேன்.

இங்கே காசைவிட முதலில் உங்களுக்குத் தேவை ஒரு கடிதம். இந்தப் பதிலில் வேறெதை மறந்தாலும் இதை மறக்கவேண்டாம். ஷெல்ரரிலோ பெண்கள் நிலையத்திலோ இருக்கிற ஆலோசகர் தங்கள் அமைப்பின் தாளில் ஒரு பக்கத்தில் எழுதிக் கொடுப்பார்: இன்னார் குடும்ப வன்முறை காரணமாக இன்ன தேதியிலிருந்து எங்கள் உதவியைப் பெறுகிறார், கீழே கையெழுத்து, தொலைபேசி எண். அவ்வளவுதான். அந்த ஒரு தாளை வெல்பெயர் அலுவலகத்தில் காட்டலாம், பிள்ளையின் பதிவுக்குக் காட்டலாம், பிரிவுக்கு அத்தாட்சியாக வரித் திணைக்களத்துக்கு அனுப்பலாம், வீட்டு விண்ணப்பத்தோடு வைக்கலாம். குடும்ப டொக்டரிடம் காயத்தைக் காட்டிப் பதிந்துவைத்தாலும் அது அத்தாட்சிதான்.

வீட்டு விண்ணப்பம் என்றது அரசாங்க மானிய வீட்டை. சாதாரணமாக அந்த வரிசையில் வருடக் கணக்காக நிற்கவேண்டும். வன்முறையிலிருந்து வருகிறவர்களுக்கு ‘விசேட முன்னுரிமை’ என்று ஒரு பிரிவு இருக்கிறது, அது வரிசையின் முன்னுக்குக் கொண்டுபோகும். அடித்தவரோடு இருக்கும்போதே விண்ணப்பிக்கலாம், அல்லது பிரிந்து மூன்று மாதத்துக்குள் விண்ணப்பிக்கவேண்டும். பிந்தினால் ஏன் பிந்தியது என்று விளக்கம் கொடுக்கவேண்டி வரும். முன்னுரிமை கிடைத்தாலும் அடுத்த மாதமே திறப்பு கைக்கு வராது, ஆனாலும் அந்த மூன்று மாதத்தைத் தவறவிடாதீர்கள்.

இந்த இடத்தில் ஒரு விஷயம். எங்கடை பெண்கள் வெளிக்கிட்டால் முதலில் போகிற இடம் பெரியம்மா வீடு, ஒன்றுவிட்ட அண்ணா வீடு. உயிருக்குப் பயம் என்றால் எந்தக் கதவும் நல்ல கதவுதான். ஆனால் பெரியம்மாவால் கடிதம் தர முடியாது. கிழமை முடிய மாமனார் நாலு பேரைக் கூட்டிக்கொண்டு சமாதானம் பேச வந்து நிற்பார். “பிள்ளையின்ரை முகத்தைப் பார்” என்று தொடங்குவார்கள். மூன்று மாதம் அப்படியே ஓடிவிடும். சொந்தக்காரர் வீட்டில் தங்கினாலும் பரவாயில்லை, ஷெல்ரரில் தங்காமலே ஒரு பெண்கள் நிலையத்தில் பதிந்து ஆலோசகரைப் பார்க்கலாம். அதை முதல் கிழமையிலேயே செய்யுங்கள்.

நகை மாமியின் லொக்கரில் இருக்கிறது, அதை எடுக்காமல் எப்படிப் போவது என்று நீங்கள் கேட்டிருப்பதும் நான் அடிக்கடி கேட்கிற கேள்வி. கலியாணப் படங்களில் நீங்கள் போட்டிருக்கிற நகை தெரியும். அந்தப் படங்களை உங்கள் அம்மாவிடம் சொல்லி எடுத்துவைக்கச் சொல்லுங்கள், என்னென்ன என்று ஒரு பட்டியல் எழுதி லோயரிடம் கொடுங்கள். அதற்காக ஒரு நாள்கூடக் கூடுதலாக நிற்கவேண்டாம்.

வெளிக்கிடுவதற்கு முன்பு அமைதியாகச் செய்யக்கூடியவை சில. கனடாவில் வேலை இல்லாவிட்டாலும், போடக் காசு இல்லாவிட்டாலும், அடையாள அட்டை இருந்தால் பாங்க் கணக்குத் திறக்க உங்களுக்கு உரிமை உண்டு. இப்போது கணவர் பாவிக்கிற பாங்கில் திறக்காதீர்கள். கடிதம் எதையும் வீட்டுக்கு அனுப்பாமல், எல்லாம் இணையத்தில் என்று சொல்லுங்கள். உங்களதும் பிள்ளையினதும் பாஸ்போட், பி.ஆர் கார்ட், லாண்டிங் பேப்பர், சின் நம்பர், ஹெல்த் கார்ட், பிள்ளையின் பிறப்பத்தாட்சி, தடுப்பூசிப் புத்தகம், கலியாண அத்தாட்சி எல்லாவற்றையும் படமெடுத்து, அவருக்குத் தெரியாத ஈமெயில் ஒன்றுக்கு அனுப்பிவிட்டு, போனிலிருந்து அழியுங்கள். எனக்குத் தெரிந்த ஒரு பெண் மூலப் பத்திரங்களைப் பிள்ளையின் பம்பர்ஸ் பாக்கில், அடியில் ஒரு துவாய்க்குக் கீழே வைத்திருந்தா. அந்தப் பாக்கை அந்த வீட்டில் வேறு ஒருவரும் தொடுவதில்லை. எடுக்க முடியாமல் போனாலும் பயப்படாதீர்கள், பேப்பர் எல்லாவற்றையும் திரும்ப எடுக்கலாம்.

உங்கள் போன் அவருடைய குடும்பப் பிளானில் இருக்கிறது என்று எழுதியிருக்கிறீர்கள். அப்படியென்றால் அதில் உதவி இலக்கத்துக்கு அழைக்கவேண்டாம். வேலைத்தலத்துப் போன், டொக்டரின் கிளினிக், லைப்ரரி என்று எங்கிருந்தாவது அழையுங்கள். வெளிக்கிடும் அன்று போனில் இருப்பிடம் காட்டுவதை நிறுத்துங்கள். முடிந்தால் அந்தப் போனை விட்டுவிட்டே போங்கள்.

பொலிஸ் பற்றி முன்கூட்டியே தெரிந்திருக்க வேண்டும். உடனடி ஆபத்து என்றால் 911, அதில் யோசிக்க ஒன்றுமில்லை. ஆனால் பொலிஸ் வந்து, அடித்ததற்கு நியாயமான ஆதாரம் இருந்தால், நீங்கள் வேண்டாம் என்றாலும் வழக்குப் போடுவார்கள். ஊரில் மாதிரிப் பிறகு போய் “வாபஸ் வாங்குறன்” என்று சொல்ல முடியாது, அந்த முடிவு அரச தரப்பு வழக்கறிஞர் கையில். பிள்ளை வீட்டில் இருந்தால் சிறுவர் நலச் சபையும் வந்து விசாரிக்கலாம். பயப்படாமல் உள்ளதைச் சொல்லுங்கள், பிள்ளையோடு பாதுகாப்பான இடத்துக்குப் போகிற தாய்க்கு அவர்கள் எதிரி இல்லை. இன்னொன்று, ஷெல்ரருக்கோ வெல்பெயருக்கோ போக பொலிஸ் ரிப்போர்ட் தேவையில்லை.

சட்டப் பக்கம் சுருக்கமாக: ஒன்ராறியோ சட்ட உதவித் திட்டத்தில் வன்முறைக்குள்ளானவர்களுக்கு லோயரோடு இரண்டு மணித்தியாலம் இலவசமாகக் கதைக்க ஒழுங்கு இருக்கிறது, இலக்கம் 1-800-668-8258. ரொறன்ரோவில் பார்ப்ரா ஷ்லைபர் கிளினிக் இப்படியான பெண்களுக்காகவே 1985இலிருந்து இயங்குகிறது. லோயர், ஆலோசகர், மொழிபெயர்ப்பு மூன்றும் ஒரே இடத்தில் கிடைக்கும். பிள்ளை யாரோடு இருப்பது என்ற கோர்ட் ஓடர், தடை உத்தரவு, பிள்ளைச் செலவுக் காசு எல்லாவற்றையும் அங்கே கேளுங்கள், பிந்தாமல் கேளுங்கள். 2021 மார்ச்சிலிருந்து மத்திய விவாகரத்துச் சட்டம் காசைப் பிடித்துவைத்து ஆட்டுவதையும் குடும்ப வன்முறை என்றே சொல்கிறது. உங்கள் சம்பளம் அவருடைய கணக்குக்குப் போவதை லோயரிடம் முதலில் சொல்லுங்கள், சம்பளச் சீட்டுகளையும் கொண்டுபோங்கள்.

வேலையை விடாதீர்கள். ஒன்ராறியோவில் பதின்மூன்று கிழமை தொடர்ந்து வேலை செய்தவர்களுக்கு வன்முறை விடுப்பு இருக்கிறது, வருடத்துக்கு 10 நாளும் அதைவிட 15 கிழமையும். முதல் ஐந்து நாளுக்குச் சம்பளம் உண்டு. சம்பளத்தைப் புதுக் கணக்குக்கு மாற்றுவதை நீங்கள் வெளிக்கிட்ட பிறகு செய்யுங்கள். முந்தி மாற்றினால் அந்த வெள்ளிக்கிழமையே வீட்டில் தெரிந்துவிடும், ஆபத்து கூடுகிற நேரமும் அதுதான்.

நான் மொழிபெயர்க்கப் போகும்போது பெண்கள் முதலில் என் முகத்தைப் பார்த்து, “அக்கா எந்த ஊர்?” என்று கேட்பார்கள். அந்தக் கேள்விக்குள் இருக்கிற பயம் எனக்கு விளங்கும். எங்கடை சனத்துக்குள் கதை போய்விடுமோ என்றுதான். எங்களுக்கு ரகசியக் கட்டுப்பாடு இருக்கிறது. அப்படியிருந்தும் மனம் ஒப்பாவிட்டால் போன் மூலம், பேர் தெரியாத மொழிபெயர்ப்பாளர் வேண்டும் என்று கேளுங்கள், ஒருவரும் ஏன் என்று கேட்கமாட்டார்கள். கணவரின் சொந்தக்காரர் எவரையும் மொழிபெயர்க்க விடாதீர்கள்.

இப்போது செய்யவேண்டிய ஒன்று இதுதான்: 1-866-863-0511. வன்முறைக்குள்ளான பெண்களுக்கான இலவச உதவி இலக்கம், இரவு பகல் எந்நேரமும் எடுப்பார்கள். ஆங்கிலம் வராவிட்டால் “தமிழ்” என்று மட்டும் சொல்லி லைனிலேயே நில்லுங்கள், கொஞ்ச நேரத்தில் தமிழில் ஒரு குரல் சேரும். பேர் சொல்லத் தேவையில்லை, அன்றைக்கே வெளிக்கிடவும் தேவையில்லை. எந்த ஷெல்ரரில் இடமிருக்கிறது, பிள்ளையோடு எப்படிப் போய்ச் சேருவது என்று கேட்டு வைத்துக்கொள்ளுங்கள். அந்த இலக்கம் ஞாபகத்தில் நிற்காவிட்டால் உதவிச் சேவைகளைப் பற்றிச் சொல்கிற 211, அதிலும் தமிழில் கதைக்கலாம். பக்டரியில் ஓய்வு நேரத்துக்கு எந்தப் போன் கிடைக்கும் என்று நாளைக்குப் பார்த்துவையுங்கள்.