அமெரிக்கக் கால்பந்தில், பந்தை எறிந்து அணியை நடத்தும் குவார்ட்டர்பேக்கின் உடல்மொழியைப் பார்த்தே எதிரணி அடுத்த ப்ளேயை, அதாவது அடுத்த நகர்வை, கண்டுபிடித்துவிடும் என்கிறார்களே, உண்மையா?

உண்மைதான். என் வீட்டுப் பிள்ளைக்கே நடந்தது என்பதால் இதைக் கொஞ்சம் விரிவாகவே எழுதுகிறேன்.

என் மகன் டெக்ஸாஸில் உயர்நிலைப் பள்ளியில் படிக்கிறான். பள்ளியின் ஜே.வி. அணியில், அதாவது முதன்மை அணிக்கு அடுத்த அணியில், குவார்ட்டர்பேக். பெரிய அணி வெள்ளிக்கிழமை இரவு ஆடும், இவர்களுக்கு வியாழக்கிழமை. போன சீசன் மூன்றாவது மேட்ச்சில் நான்கு இன்டர்செப்ஷன் கொடுத்தான், அதாவது அவன் எறிந்த பந்தை நான்கு தடவை எதிரணி பிடித்துக்கொண்டது. அதைவிட என்னை உறுத்தியது வேறொன்று. எதிரணியின் நடு லைன்பேக்கர் பையன் (முன்வரிசைக்குப் பின்னால் நின்று தடுப்பவன்), பந்து ஸ்னாப் ஆவதற்கு, அதாவது ப்ளே தொடங்கப் பந்து குவார்ட்டர்பேக் கைக்கு வருவதற்கு, முன்பே "பாஸ், பாஸ்!" என்று கத்திக்கொண்டிருந்தான். ஒன்றிரண்டு தடவை என்றால் குருட்டாம்போக்கு என்று விட்டிருப்பேன். இரண்டாம் பாதி முழுக்கக் கத்தினான், அநேகமாக ஒவ்வொரு தடவையும் பாஸ்தான் வந்தது.

ஆட்டம் பழக்கமில்லாதவர்களுக்காக ஒரு சின்ன விளக்கம். பந்து வைத்திருக்கும் 11 பேருக்கு நான்கு வாய்ப்பு, அதற்குள் 10 யார்டு முன்னேற வேண்டும். ஒவ்வொரு வாய்ப்பிலும் அவர்கள் பந்தைத் தூக்கிக்கொண்டு ஓடலாம் (ரன்), அல்லது குவார்ட்டர்பேக் எறியலாம் (பாஸ்). தடுக்கும் அணியான டிஃபென்ஸின் தலைவலியே இந்த இரண்டில் எது என்பதுதான். ரன் என்றால் லைன்பேக்கர் முன்னால் பாய வேண்டும், பாஸ் என்றால் பின்னால் போய் இடத்தை அடைக்க வேண்டும். இரண்டும் நேர் எதிர்த் திசை. அரை அடி தப்பாக எடுத்து வைத்தாலே போச்சு. ஆகவே அவர்களுக்கு முழு ப்ளேயும் தெரிந்தாக வேண்டும் என்றில்லை. அரை விநாடி முன்னதாக, "இது பாஸ்" என்கிற அளவுக்குத் தெரிந்தாலே போதும்.

அந்த அரை விநாடியை விதியே அவர்களுக்குத் தூக்கிக் கொடுக்கிறது. பந்து வைத்திருக்கும் ஆஃபென்ஸ் ஆட்கள் இடம் மாறி நின்றால், ஸ்னாப்புக்கு முன் 11 பேரும் ஒரு முழு விநாடி ஆடாமல் அசையாமல் நிற்க வேண்டும். அந்த ஒரு விநாடி டிஃபென்ஸுக்கு ஃபோட்டோ பார்க்கிற மாதிரி. யார் எந்தக் காலில் எடை போட்டிருக்கிறார், யார் கண் எங்கே போய் எங்கே திரும்பி வருகிறது என்று எல்லாம் தெரியும்.

மேட்ச் முடிந்த இரவு, நான் ஸ்டாண்டின் உச்சியிலிருந்து ஃபோனில் எடுத்த வீடியோவை டிவியில் போட்டு அவனோடு உட்கார்ந்தேன். பந்தைப் பார்க்காமல் அவனை மட்டும் பார்ப்பது என்று முடிவு பண்ணிக்கொண்டேன். பந்தைப் பார்த்தால் கண் அதன் பின்னாலேயே போய்விடும், எதுவும் பிடிபடாது. பத்துப் பன்னிரண்டு ப்ளே ஓடியிருக்கும். திடீரென்று அது தெரிந்தது. பாஸ் வரப்போகிறது என்றால், பந்தைப் பின்னால் கொடுக்கும் சென்டருக்குப் பின்னால் போய் நின்றதும் அவன் வலது கை விரல் நுனிகளை நாக்கில் ஒற்றுகிறான். ஓட்டத்துக்குப் பந்தைக் கொடுக்கப்போகிறான் என்றால் ஒற்றுவதில்லை.

"நான் அப்படிச் செய்யவே இல்லம்மா."

ரீவைண்ட் பண்ணிக் காட்டினேன். மறுபடி காட்டினேன். பேசாமல் ரிமோட்டை வாங்கி அவனே முதலிலிருந்து ஓட்டினான். ஒரு தாளில் கோடு போட்டு எண்ணினோம். அன்றைக்கு எறிந்தவை 19, அதில் 16 தடவை விரலை நனைத்திருந்தான். ஓட்டத்துக்குக் கொடுத்த ப்ளேக்களில் ஒரே ஒரு தடவை. அந்த லைன்பேக்கர் பையன் ஒரு மந்திரமும் போடவில்லை. எங்களுக்கு முன்னாலேயே எண்ணிவிட்டான், அவ்வளவுதான்.

விரல் கொஞ்சம் ஈரமாக இருந்தால் தோல் பந்தில் பிடி கிடைக்கும், அதனால் எறிவதற்கு முன் நனைப்பது பல குவார்ட்டர்பேக்குகளுக்குப் பழக்கம். சிலர் இடுப்பில் தொங்கும் டவலில் கையைத் துடைப்பார்கள். இதில் தப்பே கிடையாது. எறியாதபோது அதைச் செய்யாமல் விடுவதுதான் தப்பு. இவ்வளவு நாள் இந்த ஆட்டத்தைப் பார்த்ததில் எனக்குப் புரிந்த ஒரு விஷயம் இதுதான்: காட்டிக்கொடுப்பது அஜாக்கிரதை அல்ல, தயாரிப்பு. அடுத்து என்ன செய்யப்போகிறோம் என்று தெரிந்த உடம்பு அதற்குத் தயாராக ஆரம்பித்துவிடும். எவ்வளவு கவனமான பையனோ அவ்வளவு நன்றாகத் தயாராவான், அவ்வளவு நன்றாகக் காட்டியும் கொடுப்பான். அதனால் "ஏன்டா இப்படிப் பண்ணினே" என்று பிள்ளைகளைத் திட்டுகிற பெற்றோரைப் பார்த்தால் எனக்கு வருத்தமாக இருக்கும்.

கால்களிலும் இதே கதைதான். சென்டரின் முதுகை ஒட்டி நின்று பந்து வாங்கும்போது, பாஸ் என்றால் வேகமாகப் பின்வாங்க வேண்டும். அதனால் ஒரு கால் தன்னாலேயே இரண்டு அங்குலம் பின்னுக்குப் போய்விடும். ரன் என்றால் இரண்டு பாதமும் ஒரே கோட்டில் இருக்கும். கண்களிலும் அதேதான். எறியப்போகிற பக்கத்தை ஸ்னாப்புக்கு முன் கடைசியாக ஒரு தடவை பார்த்துக்கொள்வான், இல்லை என்றால் அந்தப் பக்கத்தைக் கண்டும் காணாதது போல வலிந்து தவிர்ப்பான். வலிந்து தவிர்ப்பதும் ஒரு பார்வைதான், டிஃபென்ஸின் கடைசி வரிசையில் நிற்கும் அனுபவமுள்ள சேஃப்டிக்கு அதுவே போதும். குவார்ட்டர்பேக் மட்டும் அல்ல, முன்வரிசை ஆட்களும் இதில் சேர்த்தி. கையைத் தரையில் ஊன்றி நிற்கும்போது எடை முழுவதும் கையில் இருந்தால் முன்னால் பாயப்போகிறார், ரன். எடை பின்னால் இருந்தால் பின்வாங்கிக் குவார்ட்டர்பேக்கைக் காப்பாற்றப்போகிறார், பாஸ். விரல் முட்டி வெளுத்திருக்கிறதா என்றுகூடப் பார்ப்பார்கள்.

ஸ்னாப் ஆன பிறகு வேறு கணக்கு. அப்போது ரன்னா பாஸா என்ற கேள்வி போய், எப்போது எறிவான், எவ்வளவு தூரம் எறிவான் என்ற கேள்வி வந்துவிடும். வலது கைக்காரர் எறியும்வரை இடது கையும் பந்தின் மேலேயே இருக்கும். இடது கை பந்தைவிட்டு விலகிய கணத்தில் பந்து கிளம்பப்போகிறது என்று அர்த்தம். அந்தக் கணத்தில் ஓட ஆரம்பி, பந்து காற்றில் வரும்வரை காத்திருக்காதே என்றுதான் ஓரங்களில் பாஸைத் தடுக்கும் கார்னர்களுக்கும் சேஃப்டிகளுக்கும் சொல்லிக்கொடுக்கிறார்கள். இடது தோள் மேல்நோக்கிச் சாய்ந்தால் தூரப் பந்து. எறியுமுன் இடது உள்ளங்கையால் பந்தை ஒரு தட்டுத் தட்டுகிற பழக்கம் நிறையப் பேருக்கு உண்டு. நமக்கு அது சும்மா ஒரு தட்டு, டிஃபென்ஸுக்கு அது மணியடித்த மாதிரி.

பள்ளிப் பிள்ளைகள் விவகாரம்தானே, பெரிய ஆட்களிடம் இது எடுபடுமா என்று நினைப்பீர்கள். தொழில்முறை லீக்கான என்எஃப்எல்லின் இறுதிப் போட்டி, சூப்பர் பௌலிலேயே எடுபட்டிருக்கிறது.

2003 ஜனவரி 26, சான் டியேகோ. ஓக்லண்ட் ரெய்டர்ஸும் டாம்பா பே பக்கனீர்ஸும் மோதிய சூப்பர் பௌல். ரெய்டர்ஸின் குவார்ட்டர்பேக் ரிச் கானன், அந்த சீசனின் எம்விபி, அதாவது மிகச் சிறந்த ஆட்டக்காரர். எதிரணியின் கோச் ஜான் க்ரூடன், அதற்கு முந்தைய சீசன்வரை இதே ரெய்டர்ஸுக்குக் கோச்சாக இருந்தவர், கானனைக் கூடவே வைத்து வளர்த்தவர். மேட்ச்சுக்கு முந்தைய பயிற்சியில் க்ரூடனே கானன் மாதிரி குவார்ட்டர்பேக் இடத்தில் நின்று தன் டிஃபென்ஸுக்கு ஆடிக் காட்டினார். ரெய்டர்ஸ் தங்கள் சொற்களையும் சைகைகளையும் பெரிதாக மாற்றவில்லை. மேட்ச்சின்போது மைக் மாட்டியிருந்த பக்கனீர்ஸ் சேஃப்டி ஜான் லின்ச், இவர்கள் ஆடுகிற ஒவ்வொன்றையும் நாம் பயிற்சியில் பார்த்துவிட்டோம் என்று சொன்னது பதிவாகியிருக்கிறது. கானன் அன்று ஐந்து இன்டர்செப்ஷன் கொடுத்தார், அதில் மூன்றை எதிரணி நேராக எல்லைக் கோடுவரை கொண்டுபோய் டச் டவுனாக்கியது. பக்கனீர்ஸ் 48-21 என்று ஜெயித்தது. அந்த மேட்ச்சை எப்போது பார்த்தாலும் எனக்குக் கானனுக்காகவே மனசு அடித்துக்கொள்ளும். அவர் மோசமாக ஆடவில்லை. அவரை நன்றாகத் தெரிந்த ஒருவர் எதிர்ப்பக்கம் நின்றார்.

11 வருடம் கழித்து, 2014 பிப்ரவரி 2, நியூ ஜெர்ஸியில் இன்னொரு சூப்பர் பௌல். டென்வர் அணியின் குவார்ட்டர்பேக் பெய்டன் மானிங் அந்த சீசனில் 55 டச் டவுன் எறிந்து சாதனை படைத்திருந்தார். கோட்டில் நின்றபடியே கையால் சைகை காட்டி ப்ளேயை மாற்றுவதில் அவரை மிஞ்ச ஆளில்லை. ஆனால் அவருடைய சைகைகளில் சிலவற்றை முதல் பாதியிலேயே புரிந்துகொண்டோம் என்று சியாட்டில் கார்னர் ரிச்சர்ட் ஷெர்மன் பிறகு சொன்னார். சியாட்டில் 43-8 என்று ஜெயித்தது. சைகை மட்டுமே காரணம் என்று நான் சொல்ல மாட்டேன், சியாட்டிலின் டிஃபென்ஸ் அந்த வருடம் எல்லோரையுமே அப்படித்தான் நொறுக்கியது. ஆனால் பந்தைப் பிடிக்க ஓடும் ரிசீவர் எங்கே திரும்புவார் என்று முன்கூட்டியே தெரிந்த கார்னர், பின்னால் துரத்த வேண்டியதில்லை, போய் நின்றால் போதும்.

சத்தமான ஸ்டேடியத்தில் இது இன்னும் மோசம். குரல் கேட்காததால் குவார்ட்டர்பேக் காலைத் தூக்கிக் காட்டுவார், சென்டருக்குப் பக்கத்தில் நிற்கும் கார்டு என்கிற ஆள் அதைப் பார்த்துவிட்டு சென்டரைத் தட்டுவார், அப்புறம் பந்து வரும். குவார்ட்டர்பேக்கை நோக்கிப் பாயும் எதிரணி ரஷர்களுக்கு இந்தத் தட்டலுக்கும் ஸ்னாப்புக்கும் இடையிலான தாளம் பிடிபட்டுவிட்டால், பந்தோடு சேர்ந்தே கிளம்பிவிடுவார்கள். அதனால்தான் என்எஃப்எல் அணிகள் எதிரணியின் வீடியோவோடு நிற்காமல், தங்கள் வீடியோவையும் எதிரியின் கண்ணால் பார்க்கத் தனியாக ஆள் வைத்திருக்கின்றன.

இதைத் திருப்பி ஆயுதமாக்கியவர்களும் உண்டு. 2022 பிப்ரவரி 13 அன்று நடந்த சூப்பர் பௌலில், கடைசி நிமிடங்களில், ராம்ஸ் அணியின் குவார்ட்டர்பேக் மேத்யூ ஸ்டாஃபர்ட் ஒரு பக்கம் பார்த்துக்கொண்டே ரிசீவர் கூப்பர் கப் இருந்த இடத்துக்கு எறிந்தார். சின்சினாட்டியின் சேஃப்டி வான் பெல் அந்தப் பார்வையை நம்பி நகர்ந்தார். அவர் விட்டுப்போன இடத்தில் 22 யார்டு கிடைத்தது. ஸ்லோ மோஷனில் ஸ்டாஃபர்டின் ஹெல்மெட் எந்தப் பக்கம் திரும்பியிருக்கிறது என்று மட்டும் பாருங்கள். பெல் செய்தது தப்பில்லை, கண்ணைப் படி என்று சொல்லிக்கொடுத்ததைத்தான் அவர் செய்தார்.

இன்னொரு வழி, இப்போது பள்ளிகளிலேயே அதிகம் ஆடப்படும் ரன்-பாஸ் ஆப்ஷன், சுருக்கமாக ஆர்.பி.ஓ. அதில் ஓட்டத்துக்குக் கொடுப்பதா எறிவதா என்பதை ஸ்னாப் ஆனபின் ஒரு டிஃபென்ஸ் ஆளின் அசைவைப் பார்த்துத்தான் குவார்ட்டர்பேக் முடிவு பண்ணுவார். அவருக்கே தெரியாததை அவர் உடம்பு எப்படிக் காட்டிக்கொடுக்கும்? அதனால் எனக்கு அந்த ப்ளே ரொம்பப் பிடிக்கும்.

என் மகன் விஷயத்துக்கு வருகிறேன். முதலில் விரல் நனைப்பதை அடியோடு விட்டுவிடச் சொன்னேன். அது என் தப்பான யோசனை. அடுத்த வாரப் பயிற்சியில் பந்து கையில் வழுக்கியது, அதைவிட, 'நனைக்கக் கூடாது நனைக்கக் கூடாது' என்ற நினைப்பிலேயே ரிசீவரைப் பார்க்க மறந்தான். கோச்சிடம் போய்ச் சொன்னோம். அவர் வீடியோவை ஒரு நிமிடம் பார்த்துவிட்டு, நிறுத்த வேண்டாம், எல்லா ப்ளேக்கும் செய் என்றார். ரன்னோ பாஸோ, கோட்டுக்கு வந்ததும் விரலை நாக்கில் ஒற்று, டவலைத் தொடு, இடமிருந்து வலம் ஒரு தடவை பார், பிறகு பந்தைக் கூப்பிடு. வீட்டு ஹாலில், சோஃபாவுக்கு முன்னால் நின்று, பந்தே இல்லாமல் தினமும் இரவு ஐம்பது தடவை செய்தான். நான் எதிரில் உட்கார்ந்து "ரன்", "பாஸ்" என்று ஊகித்துக்கொண்டிருப்பேன். முதல் வாரம் முக்கால்வாசி சரியாகச் சொன்னேன். கால் இன்னும் பின்னால் போய்க்கொண்டிருந்தது. தரையில் நீல டேப் ஒட்டி அதன் மேல் இரண்டு பாதத்தையும் வைக்கப் பழக்கினோம். மூன்றாவது வாரம் என் ஊகம் பூவா தலையா போட்ட மாதிரி ஆகிவிட்டது. அன்றைக்கு எங்கள் இரண்டு பேருக்குமே நல்ல தூக்கம்.

சீசன் கடைசியில் வேறொரு பள்ளியோடு ஆடும்போது, அவர்களுடைய லைன்பேக்கரும் "பாஸ்!" என்று கத்தினான். எனக்கு வயிற்றைப் பிசைந்தது. அவனும் பழைய வீடியோவைப் பார்த்துவிட்டுத்தான் வந்திருப்பான் போல. வந்தது ரன். அடுத்த மூன்று ப்ளே கத்திப் பார்த்தான், அப்புறம் நிறுத்திவிட்டான்.

நீங்கள் டிவியில் பார்க்கும்போது சோதித்துப் பார்க்க விரும்பினால், ஸ்னாப்புக்கு முன் குவார்ட்டர்பேக்கைக் கிட்டத்தில் காட்டுகிற ஷாட் வரும். அதில் முகத்தை விட்டுவிட்டுக் கையையும் காலையும் மட்டும் பாருங்கள். ஒரே ஆளை இரண்டு மேட்ச் தொடர்ந்து பார்த்தால்தான் பிடிபடும்.

எங்கள் வீட்டில் இன்னும் ஒன்று பாக்கி இருக்கிறது. தூரப் பந்து எறிவதற்கு முன் அவன் இடது கையால் பந்தை ஒரு தட்டுத் தட்டுகிறான். விரலுக்கும் காலுக்கும் கிடைத்த மருந்து இதற்குக் கிடைக்கவில்லை, ஏனென்றால் இது எறிகிற வேகத்தோடு ஒட்டிக்கொண்டிருக்கிறது. அதை எடுத்தால் பந்து ஐந்து யார்டு முன்னாலேயே விழுகிறது. இந்தக் கோடை முழுக்க அதைத்தான் பார்த்துக்கொண்டிருக்கிறோம்.