வயரில் இருப்பது அரை ஓம்: வாசகர் கேள்வி – பதில்

ஹெட்போன் வயரைக் கடையில்தான் வாங்க வேண்டும் என்றில்லை, வீட்டிலேயே செய்துகொள்ளலாம் என்று போன இதழில் ஒரு வரி எழுதியிருந்தேன். அதைப் பற்றியே கேட்டு நிறையக் கடிதங்கள் வந்துவிட்டன. இந்த முறை முழுக்க வயர்தான்.

கேள்வி: பழைய சென்ஹைசர் எச்.டி. 600 ஒன்று வாங்கினேன். வலது காது விட்டுவிட்டுக் கேட்கிறது. சுத்த வெள்ளி வயர் போட்டால் ஒலியும் தூக்கலாக இருக்கும் என்று பதினெட்டாயிரம் ரூபாய் சொல்கிறார்கள். போடலாமா அண்ணா? (ஓசூர் வாசகர்)

கொஞ்சம் பொறுங்கள் தம்பி. கோளாறு வயரில்தானா என்று முதலில் பார்த்துவிடலாம். அந்த ஹெட்போனில் இரண்டு காதுக்கும் வயர் தனித்தனியாகக் கழன்று வரும், இரண்டு பிளக்கும் ஒரே மாதிரி. இடது பிளக்கை வலதிலும் வலதை இடதிலும் மாற்றிச் சொருகிக் கேளுங்கள். கோளாறு இடது காதுக்குத் தாவினால் பெரும்பாலும் வயர்தான். வலதிலேயே நின்றுகொண்டால் உள்ளே இருக்கிற சாக்கெட்டோ ஸ்பீக்கரோ போயிருக்கிறது. தங்கத்திலேயே வயர் போட்டாலும் அது சரியாகாது.

வயர்தான் என்று தெரிந்துவிட்டால், எச்.டி. 650-க்கு வருகிற வயரே இதற்கும் பொருந்தும். அல்லது நீங்களே செய்யலாம், அதைக் கீழே சொல்கிறேன். வெள்ளி வேண்டாம். ஏன் என்றால் கணக்கு இதுதான். 26 ஏ.டபிள்யூ.ஜி. (கம்பித் தடிமனைச் சொல்கிற அமெரிக்க அளவு) செம்பு வயர் மின்சாரத்துக்குக் கொடுக்கிற தடை ஒரு மீட்டருக்கு 0.134 ஓம். இரண்டு மீட்டர் வயரில் போக, வர நாலு மீட்டர், மொத்தம் 0.54 ஓம். அதே தடிமனில் வெள்ளி போட்டால் சுமார் 0.5 ஓம். உங்கள் ஹெட்போன் 300 ஓம். முன்னூறுக்குப் பக்கத்தில் அரை ஓம் தின்னும் ஒலி 0.016 டெசிபல்தான். அந்த அரையிலும் வெள்ளி மிச்சப்படுத்துவது 0.04 ஓம். அதற்கா பதினெட்டாயிரம்?

போன தையில் ஒருவர் விலை கூடின வயர் ஒன்றை என்னிடம் கொண்டுவந்தார். பார்க்க அழகு, பின்னல் எல்லாம் நேர்த்தி. மல்டிமீட்டரில் வைத்துக்கொண்டு பிளக் பக்கம் லேசாக வளைத்தேன், 0.6 ஓம் இருந்தது 3 ஓமுக்குப் போய்த் திரும்பியது. உள்ளே பிரித்தால் ஈயம் பிடிக்கவே இல்லை, மேலே ஒட்டிக்கொண்டு நின்றது. அவ்வளவு பணம் கொடுத்தவருக்கு ஒரு நல்ல ஈயப் பற்றுகூடக் கிடைக்கவில்லை என்பது எனக்கு இன்றுவரை மனக்கஷ்டம்தான்.

அப்படியானால் வயரால் ஒலி மாறவே மாறாதா என்றால், மாறும் இடமும் உண்டு. காதுக்குள் வைக்கிற இயர்போன் சிலவற்றில் ஒரு சுருதியில் 30 ஓமும் இன்னொரு சுருதியில் 8 ஓமும் இருக்கும். அதில் அரை ஓம் வயர் போட்டால் 30 ஓம் இடத்தில் 0.14 டெசிபல் குறையும், 8 ஓம் இடத்தில் 0.53 குறையும். வித்தியாசம் 0.4 டெசிபல். கூர்ந்து கேட்கிற காதுக்கு அது எட்டக்கூடும். அங்கே தடிமனான வயர் போடுவதில் அர்த்தம் இருக்கிறது. அதற்கும் செம்பே போதும்.

கேள்வி: நானே செய்ய ஆசை. எந்த வயர், எந்த ஈயம், எதில் கவனம் வேண்டும்? (பாலக்கோடு வாசகர்)

நம்ம ஊர்க்காரர் கேட்டிருக்கிறீர்கள், நிறுத்தி நிதானமாகவே சொல்கிறேன்.

எங்கள் வீட்டில் சவுண்டு சர்வீஸ் வைத்திருந்தார்கள். தெருக்கூத்து நடக்கிற ஊருக்கெல்லாம் அப்பாவோடு போய் மைக் வயர் இழுத்தவன் நான். பென்னாகரம் பக்கம் ஒரு ஊரில் விடியற்காலை மூன்று மணிக்குக் கட்டியங்காரன் பேசிக்கொண்டிருக்கும்போதே மைக் செத்துவிட்டது. நீள வயரை டார்ச் அடித்து முழுக்கத் தடவிப் பார்த்தோம். கடைசியில் அறுந்திருந்தது மைக் பிளக்குக்கு ஒரு விரல் தள்ளி. அதற்குப் பிறகு நான் பிரித்த வயர்களிலும் பெரும்பாலும் அதே இடம்தான். வளைகிற வயர் வளையாத பிளக்கைச் சந்திக்கிற அந்த ஒரு அங்குலம். ஹெட்போன் வயர் செய்கிறவர் தன் உழைப்பில் பாதியை அந்த அங்குலத்துக்குக் கொடுக்க வேண்டும்.

வயருக்கு மோகாமி 2893 அல்லது கனாரே எல்-4இ5சி கேளுங்கள். இரண்டும் மைக்குக்காகச் செய்தவை, உள்ளே நாலு கம்பி, வெளித்தடிமன் ஐந்து மில்லிமீட்டருக்குள். தர்மபுரியில் கிடைக்காவிட்டால் பெங்களூரு எஸ்.பி. ரோட்டில் விசாரியுங்கள். வீட்டு வயரிங்குக்கு விற்கிற 14/36 வயர் மின்சாரத்துக்குக் குறை வைக்காது, ஆனால் மேலுறை விறைப்பு. தலை திருப்பினால் காதில் சரசரவென்று கேட்கும். சட்டையில் உரசுகிற சத்தமும் வயர் வழியாகவே காதுக்கு ஏறும். ஒலிக்கு வயரால் வருகிற கெடுதலில் பெரியது இந்த உரசல்தான் என்பது என் கணிப்பு.

நாலு கம்பி எதற்கு என்று கேட்பீர்கள். இரண்டு காதுக்கும் திரும்பி வருகிற வழி ஒன்றாக இருந்தால் ஒரு காதின் ஒலி இன்னொன்றில் கசியும். இரண்டு மீட்டர் 26 ஏ.டபிள்யூ.ஜி. கம்பி ஒன்றைப் பொதுவாக வைத்தால் 0.27 ஓம், 32 ஓம் ஹெட்போனில் கசிவு நூற்றில் ஒரு பங்குக்குச் சற்றுக் கீழே வரும். நாலு கம்பியையும் பிளக் வரை தனித்தனியாகக் கொண்டுபோய் அங்கே சேர்த்தால் வயரில் ஏற்படுகிற இந்தக் கசிவு ஏறக்குறைய இல்லாமலே போய்விடும். வயரை மாற்றுவதால் கிடைக்கிற உண்மையான லாபங்களில் இது ஒன்று.

ஈயம் 63/37 வாங்குங்கள், உள்ளே ஈயம் பிடிக்க உதவுகிற ரெசின் உள்ளது. 183 டிகிரியில் உருகும், அதே டிகிரியில் இறுகும். நடுவே கூழாக நிற்காது என்பதால் கை அசைந்து பற்று கெடுகிற வாய்ப்பு குறைவு. 25 வாட் சோல்ட்ரான் சூட்டுக்கோல் போதும், நானும் அதில்தான் பழகினேன். ஜன்னலைத் திறந்து வையுங்கள், வேலை முடிந்ததும் கையைச் சோப்புப் போட்டுக் கழுவுங்கள், அந்த ஈயத்தில் நூற்றுக்கு 37 பங்கு காரீயம்.

பழைய வயரைத் தூக்கிப் போடாதீர்கள்! மீட்டரை வைத்து பிளக் முனை எந்த முள்ளுக்குப் போகிறது, நடு வளையம் எதற்குப் போகிறது, அடிப்பகுதி எதற்குப் போகிறது என்று தாளில் வரைந்துகொள்ளுங்கள். 3.5 மில்லிமீட்டர் பிளக்கில் முனை இடது, நடு வளையம் வலது, அடி பொது. எச்.டி. 600 முள் இரண்டில் ஒன்று தடிமன், ஒன்று மெலிவு; அதைப் பார்த்துக் குறிக்கலாம். பிளஸ் மைனஸ் ஒரு பக்கம் மட்டும் மாறிப்போனால் பாடகர் குரல் நடுமண்டையில் நிற்காமல் சிதறும், அடித்தாளம் மெலியும்.

சூடு வைக்கும்போது அந்த முள் பிளக்கை ஒரு பழைய சாக்கெட்டில் சொருகி வைத்துக்கொண்டு வையுங்கள். பிளாஸ்டிக் இளகினாலும் முள் கோணாது. கம்பிக்குத் தனியாக ஈயம் பூசி, முள்ளுக்குத் தனியாகப் பூசி, பிறகு இரண்டையும் சேர்த்து இரண்டு வினாடி. அதற்கு மேல் அழுத்தாதீர்கள். பிளக்கின் மூடியையும் சூடு பட்டால் சுருங்குகிற சுருங்குகுழாயையும் ஈயம் வைப்பதற்கு முன்பே வயரில் கோத்துவிடுங்கள், மறந்தால் பற்றைப் பிரித்துத் திரும்பச் செய்ய வேண்டியதுதான். நல்ல பிளக்கில் வயரின் மேலுறையைக் கவ்விப் பிடிக்கிற அமைப்பு இருக்கும். நியூட்ரிக் பிளக்குக்குக் கொடுக்கிற காசு வீண் போகாது என்று நான் சொல்வது அந்தப் பிடிக்காகத்தான். இழுப்பு கவ்வியில் நிற்க வேண்டும், பற்றுக்குப் போகக்கூடாது.

தனித்தனிக் கம்பியாக வாங்கிப் பின்னுகிறவர்களுக்கு: சடைக்குப் போடுகிற நாலு கால் பின்னல்தான். என் அக்கா பின்னினால் ஒரு சாண் கூடத் தளராது. பூக்கட்டிப் பழகின கை.

கேள்வி: மீட்டர் முனைகள் இரண்டையும் தொட வைத்தாலே 0.4 காட்டுகிறது. அரை ஓம் வயரை எப்படி அளப்பது? (கிருஷ்ணகிரி வாசகர்)

அது மீட்டரின் சொந்த வயரும் முனையும் சேர்ந்த ஓம். மலிவு மீட்டரால் நேரடியாக முடியாது, ஆனால் வழி இருக்கிறது. ஹெட்போனை முழுக்கக் கழற்றிவிடுங்கள், வயர் மட்டும். காதுப் பக்கம் இடது முள் இரண்டையும் ஒரு தடித்த கம்பித் துண்டால் இணையுங்கள். 5 வோல்ட் போன் சார்ஜர், 47 ஓம் 2 வாட் ரெசிஸ்டர், உங்கள் வயர், மூன்றையும் வரிசையாகக் கோத்து மின்சாரம் விடுங்கள். ரெசிஸ்டரின் இரு முனையில் வோல்ட் அளந்து 47-ஆல் வகுத்தால் ஓடுகிற ஆம்பியர் தெரியும், ஏறக்குறைய 0.1 வரும். பிறகு மீட்டரை மில்லிவோல்ட்டில் வைத்து, வயரின் பிளக்கையே தொட்டு அளங்கள். 54 மில்லிவோல்ட் காட்டி, 0.1 ஆம்பியர் ஓடினால் 0.54 ஓம். வோல்ட் அளக்கும்போது மீட்டர் முனை வழியாக மின்சாரம் ஓடுவதே இல்லை என்று சொல்லலாம், அதனால் அதன் ஓம் கணக்கில் சேராது. கெல்வின் முறையின் அடிப்படை இதுதான்.

அளந்துகொண்டே பிளக் பக்கம், கிளை பிரிகிற இடம், முள் பக்கம் மூன்றையும் வளைத்து ஆட்டுங்கள். எண் அசையக்கூடாது. இடது வலது ஒன்றுக்கொன்று நெருக்கமாக இருக்க வேண்டும். பீப் சத்தத்தை மட்டும் நம்பாதீர்கள், முப்பது ஓம் இருந்தாலும் பல மீட்டர் பீப் அடிக்கும். இடதுக்கும் வலதுக்கும் நடுவில் ஒட்டு இல்லை என்பதையும் பாருங்கள். ஆம்பிளிபையரைக் காப்பாற்றுவது அந்தப் பரிசோதனைதான்.

கேள்வி: புது ஆம்பிளிபையரில் நாலு முள் எக்ஸ்.எல்.ஆர். பேலன்ஸ்டு சாக்கெட் இருக்கிறது. என் சாதாரண 6.35 பிளக் வயரை கன்வர்ட்டர் போட்டு அதில் மாட்டலாமா? (பென்னாகரம் வாசகர்)

மாட்டாதீர்கள். பேலன்ஸ்டு ஆம்பிளிபையரில் இரண்டு காதின் மைனஸும் தனித்தனியாக ஒலியை ஓட்டுகின்றன. உங்கள் பிளக்கில் அவை ஒன்றாகச் சேர்ந்திருக்கின்றன; மாட்டினால் ஷார்ட் ஆகி ஆம்பிளிபையரே போகலாம். எதிர்த் திசையில், அதாவது நாலு முள் வயரைச் சாதாரண சாக்கெட்டுக்குக் கொண்டுவருகிற கன்வர்ட்டர், பயமில்லை. புதிதாகச் செய்தால் நாலு முள்ளிலேயே செய்துவிட்டு அந்தக் கன்வர்ட்டரை வைத்துக்கொள்ளுங்கள். முள் வரிசை: 1 இடது பிளஸ், 2 இடது மைனஸ், 3 வலது பிளஸ், 4 வலது மைனஸ்.

கேள்வி: வெள்ளி பூசிய வயரில் எனக்கு வீணை இன்னும் தெளிவாகக் கேட்டது. கணக்கு இல்லை என்கிறது. என் காதை நம்பவா, கணக்கை நம்பவா? (தர்மபுரி, கல்லூரி மாணவி)

காதையே நம்பும்மா, ஆனால் கண்ணைக் கட்டிவிட்டு நம்பு. எந்த வயர் என்று தெரிந்தால் மனசு முன்னாடியே ஓடிவிடும். எனக்கும் ஓடும், எல்லோருக்கும் ஓடும்.

வீட்டில் ஒருவரை உட்கார வை. அவர் காசு சுண்டி, தலை விழுந்தால் வெள்ளி, பூ விழுந்தால் செம்பு. அதே வயரே திரும்ப வந்தாலும் கழற்றி மாட்ட வேண்டும், அந்தச் சத்தமும் நேரமும் ஒன்றாக இருக்க வேண்டும். ஒரே பாட்டு, ஒரே இடம், வால்யூமைத் தொடக்கூடாது. பத்து தடவை சொல்லிப் பார். சும்மா அடித்துவிட்டாலும் ஐந்து சரியாக வரும். எட்டோ அதற்கு மேலோ குருட்டாம்போக்கில் வருகிற வாய்ப்பு நூற்றுக்கு ஐந்தரை. ஒன்பதோ பத்தோ வந்தால், வாய்ப்பு நூற்றுக்கு ஒன்றுதான். அப்போது உனக்கு ஏதோ கேட்கிறது. உடனே இரண்டு வயரையும் மேலே சொன்னபடி அளந்து எனக்கு எழுது. ஒன்றில் பற்று கெட்டிருக்கலாம், அல்லது உன் இயர்போன் ஓம் குறைந்த ஜாதியாக இருக்கலாம். காரணத்தைத் தேடிப் பார்க்க எனக்கும் ஆசை.

கேள்வி: நீளம் எவ்வளவு வைப்பது? (காரிமங்கலம் வாசகர்)

நூலால் அளங்கள். நீங்கள் வழக்கமாக உட்காருகிற நாற்காலியில் உட்கார்ந்து, காதிலிருந்து ஆம்பிளிபையர் வரை தொங்கலாக விட்டு, எழுந்து நிற்கும்போதும் இழுக்காத அளவு. அதற்கு மேல் பத்து சென்டிமீட்டர் கூட்டுங்கள். முதல் தடவை ஈயம் வைக்கிறவருக்கு ஒரு முனையை வெட்டித் திரும்பச் செய்ய வேண்டி வரும்.