பிரெஞ்சுக்காரர்கள் உலகுக்கு அளித்தவை: கேள்விகளும் பதில்களும்

பிரெஞ்சு மக்கள் உலகுக்கு அளித்தவற்றுள் தலைசிறந்தவை எவை என்பது குறித்து உறுப்பினர்கள் அனுப்பிய கேள்விகளுக்கு, பள்ளியில் நெடுங்காலம் இயற்பியல் கற்பித்தவன், அறிவியல் வரலாற்றை விடாமல் வாசிப்பவன் என்ற முறையில் இங்கே விடை எழுதியிருக்கிறேன். ஒரே பொருள் கொண்ட கேள்விகளை ஒன்றாகச் சேர்த்துக்கொண்டேன்.

கேள்வி (செல்வி, காரைக்குடி): ஐயா, வணக்கம். ஒன்றே ஒன்றைத்தான் சொல்ல வேண்டும் என்றால் எதைச் சொல்வீர்கள்? பிரெஞ்சுப் புரட்சியையா?

பதில்: மீட்டரைச் சொல்வேன் அம்மா. அதுவும் அந்தப் புரட்சியின் வயிற்றில் பிறந்த பிள்ளைதான். 1789க்கு முந்தைய பிரான்சில் ஒரே பெயருள்ள அளவை ஊருக்கு ஊர் வேறாக இருந்தது. ஒரு சந்தையில் வாங்கிய தானியத்தை அடுத்த சந்தையில் அளந்தால் கணக்கு உதைத்தது. குடியானவர்களிடம் தானியத்தை அளந்து வாங்கும் மரக்கால் எவ்வளவு பெரியது என்பதை முடிவு செய்யும் உரிமை பல இடங்களில் நிலப்பிரபுவின் கையில் இருந்ததால், அளவை என்பது உழவரின் வயிற்றைத் தொடும் அரசியலாகவே இருந்தது. அந்த ஆண்டு மக்கள் மன்னருக்கு எழுதி அனுப்பிய குறை மனுக்களில், நாடு முழுவதற்கும் ஒரே எடையும் ஒரே அளவும் வேண்டும் என்ற கோரிக்கை திரும்பத் திரும்ப வருகிறது.

பாரிஸ் நகரத்து அளவையையே நாடெங்கும் திணித்திருந்தால் வேலை எளிதாக முடிந்திருக்கும். அறிவியல் கழகத்தார் அந்த வழியில் போகவில்லை. எந்த மன்னரின் பாதத்தையும் எந்த நகரத்தின் முழத்தையும் சாராமல், வட துருவத்திலிருந்து நிலநடுக்கோடு வரையுள்ள தொலைவில் ஒரு கோடியில் ஒரு பங்கே மீட்டர் என்று 1791இல் முடிவு செய்தார்கள். பூமி எல்லாருக்கும் பொது என்பதால் அதிலிருந்து எடுத்த அளவும் எல்லாருக்கும் பொதுவாகும் என்பது அவர்கள் வாதம். தம் நாட்டுக்கு ஒரு சட்டம் செய்ய உட்கார்ந்தவர்கள், பிற நாட்டாரும் தயக்கமின்றி எடுத்துக்கொள்ளும்படி அதைச் செய்தார்களே, அதுதான் எனக்கு எல்லாவற்றிலும் பெரிதாகத் தெரிகிறது.

கேள்வி (கார்த்திக், சேலம்): துருவத்துக்கே யாரும் போயிராத காலத்தில் அந்தத் தொலைவை எப்படி அளந்தார்கள்?

பதில்: முழுத் தொலைவையும் அளக்கத் தேவையில்லை, பாரிஸ் வழியாகச் செல்லும் தீர்க்க ரேகையில் ஒரு பகுதியை நுட்பமாக அளந்து, இரு முனைகளின் அட்சரேகைகளை விண்மீன்களைக் கொண்டு கணித்துவிட்டால், மீதியைக் கணக்கிட்டுவிடலாம். வடக்கே டன்கெர்க் துறைமுகத்திலிருந்து தெற்கே ஸ்பெயினின் பார்சலோனா வரை அந்தப் பகுதி தேர்ந்தெடுக்கப்பட்டது. 1792இல் தெலாம்பர், மெஷேன் என்ற இரு வானியலாளர்களில் முன்னவர் வடக்கேயும் பின்னவர் தெற்கேயும் புறப்பட்டார்கள். தேவாலயக் கோபுரங்களிலும் குன்றுகளிலும் ஏறி, ஓர் உச்சியிலிருந்து மற்ற இரண்டு உச்சிகளைப் பார்த்துக் கோணம் எடுத்து, முக்கோணத்தின் மேல் முக்கோணமாக நாட்டின் நீளத்துக்கும் கோத்துக்கொண்டே போனார்கள்.

விரைவில் முடியும் என்று நினைத்த வேலை 1798 வரை இழுத்தது. நடுவில் மன்னரின் தலை போனது, அண்டை நாடுகளோடு போர் மூண்டது. கோபுரத்தில் ஏறித் தொலைநோக்கி வைத்துப் பார்ப்பவரை எதிரியின் ஒற்றர் என்று ஊர்க்காவலர் பிடித்துவைத்தார்கள். தொலைவிலிருந்து தெரிவதற்காகத் தெலாம்பர் கட்டிய வெள்ளைத் துணி மன்னர் கட்சியின் நிறம் என்று கருதப்பட்டதால், அதன் இருபுறமும் சிவப்பும் நீலமும் சேர்த்துத் தைக்க வேண்டியிருந்தது.

மெஷேனின் கதை வேதனையானது. பார்சலோனாவில் அவர் எடுத்த அட்சரேகைக் கணக்குகளில் சில விகலை (ஒரு பாகையில் 3600இல் ஒரு பங்கே விகலை) வேறுபாடு தலைகாட்டியது. தம் கையில்தான் பிழை என்று எண்ணி அதை எவரிடமும் சொல்லாமல் மறைத்து, ஆண்டுக்கணக்கில் மனம் வெந்து, அளவையை மேலும் தெற்கே நீட்டும் பணியில் 1804இல் ஸ்பெயினிலேயே நோயுற்று இறந்தார். அவருடைய குறிப்புகளைப் பிறகு பார்த்த தெலாம்பருக்கே உண்மை தெரிந்தது. 1799இல் பிளாட்டினத்தில் வார்த்து ஆவணக் காப்பகத்தில் வைத்த மீட்டர், வரையறைப்படி இருக்க வேண்டியதைவிட ஏறத்தாழ 0.2 மில்லிமீட்டர் குட்டை. அதற்கு முதற்காரணம் மெஷேன் அல்லர். பூமி துருவங்களில் எவ்வளவு தட்டையானது என்று அன்று கொண்ட கணிப்பே சற்றுத் தவறு. பின்னர் உண்மை தெரிந்தும் கோலை மாற்றாமல், அந்தக் கோலின் நீளமே மீட்டர் என்று உலகம் ஏற்றுக்கொண்டது.

கேள்வி (ரஹீம், நாகப்பட்டினம்): மக்கள் விரும்பி ஏற்றார்களா, அரசு கட்டாயப்படுத்தியதா? அமெரிக்கர்கள் இன்னும் ஏற்கவில்லையே?

பதில்: பிரான்சிலேயே மக்கள் முணுமுணுத்தார்கள். 1812இல் நெப்போலியன் பழைய பெயர்களைக் கடைத்தெருவுக்குத் திரும்ப அனுமதித்தார். 1840இல்தான் மெட்ரிக் முறை அங்கே முழுக் கட்டாயமானது. 1875 மே 20 அன்று 17 நாடுகள் பாரிஸில் மீட்டர் உடன்படிக்கையில் கையெழுத்திட்டபோது அது உலகுக்குப் பொதுவான உடைமையாயிற்று. அந்த 17இல் அமெரிக்காவும் ஒன்று. அவர்கள் இன்றும் அங்குலம் என்று பேசினாலும், ஓர் அங்குலம் என்பது மிகச் சரியாக 25.4 மில்லிமீட்டர் என்றே 1959 முதல் வரையறுக்கப்பட்டிருக்கிறது.

நம் நாட்டில் மெட்ரிக் எடைகள் 1958 அக்டோபரில் நடைமுறைக்கு வரத் தொடங்கியபோது நான் சிறுவன். என் தாத்தாவின் மளிகைக் கடையில் புதிய அறுகோண இரும்பு எடைக்கற்கள் வந்து இறங்கிய நாள் நினைவிருக்கிறது. ஒவ்வொன்றின் அடியிலும் ஈயம் அடைத்து அதன்மேல் அரசு முத்திரை குத்தியிருந்தது. 40 பலம் ஒரு வீசை, 8 வீசை ஒரு மணங்கு என்று மனக்கணக்காகச் சொல்லிப் பழகிய தாத்தா, "ஒரு வீசை புளி" என்று கேட்டு வந்தவருக்கு 1 கிலோ 400 கிராம் போட்டுக் கொடுத்து, ஒருமுறைக்கு இருமுறை தராசின் முள்ளைப் பார்க்கச் சொல்வார். பழைய கற்கள் பல மாதங்கள் கல்லாப்பெட்டிக்கு அடியிலேயே கிடந்தன.

கேள்வி (அதே உறுப்பினர்): நேரத்தையும் பத்துப் பத்தாகப் பிரித்தார்களாமே?

பதில்: ஆம். ஒரு நாளுக்கு 10 மணி, ஒரு மணிக்கு 100 நிமிடம் என்று 1793இல் சட்டம் செய்தார்கள், 1795இல் கைவிட்டார்கள். எடையும் நீளமும் ஊருக்கு ஊர் மாறியதால் அவற்றில் சீர்திருத்தம் தேவைப்பட்டது. 24 மணி நேரமோ முன்பே எங்கும் ஒன்றாக இருந்தது.

கேள்வி (மருத்துவ மாணவி, மதுரை): மருத்துவத்தில் லூயி பாஸ்டரைத்தானே முதலில் சொல்ல வேண்டும்?

பதில்: சொல்ல வேண்டும். பாஸ்டர் மருத்துவர் அல்லர், வேதியியலாளர். நொதித்தலும் அழுகலும் கண்ணுக்குத் தெரியாத உயிரிகளின் வேலை என்று நிறுவியதிலிருந்தே அவருடைய மற்றப் பணிகள் எல்லாம் கிளைத்தன. பால் பாக்கெட்டின்மேல் "பாஸ்டரைஸ்டு" என்று அவர் பெயரால் அமைந்த சொல்லை இன்றும் படிக்கிறோம். எனினும் நான் நிறுத்திச் சொல்ல விரும்புவது 1885 ஜூலை 6. வெறிநாய் பல இடங்களில் கடித்துக் குதறிய ஜோசஃப் மைஸ்டர் என்ற 9 வயதுச் சிறுவனை அல்சேஸ் பகுதியிலிருந்து அவன் தாய் பாரிஸுக்கு அழைத்து வந்தாள். நோய் கண்ட முயலின் தண்டுவடத்தை நாள்கணக்கில் உலரவைத்து வீரியம் குறைத்து, மிகப் பலவீனமானதில் தொடங்கி நாளுக்கு நாள் வீரியம் கூடியதாக 13 ஊசிகள் போடப்பட்டன. பாஸ்டருக்கு ஊசி போடும் உரிமை இல்லாததால் கிரான்ஷே என்ற மருத்துவரே போட்டார். சிறுவன் பிழைத்தான்; வளர்ந்தபின் பாஸ்டர் நிறுவனத்திலேயே காவலராகப் பணிபுரிந்தான்.

அந்த முறையை விலங்குகளில் முழுமையாகச் சோதித்து முடிப்பதற்கு முன்பே பாஸ்டர் துணிந்தார் என்பதை அவருடைய ஆய்வுக் குறிப்பேடுகளைப் படித்தவர்கள் எடுத்துக்காட்டியுள்ளனர். மருத்துவம் பயிலும் நீங்கள் அதையும் சேர்த்தே படிக்க வேண்டும்.

அவர் பெயரால் நம் குன்னூரில் 1907 முதல் இயங்கும் நிலையத்தை நீங்கள் அறிந்திருப்பீர்கள். "நாய் கடித்தால் தொப்புளைச் சுற்றி 14 ஊசி" என்று நம் வீடுகளில் பயமுறுத்துவது, ஆட்டு மூளையிலிருந்து தயாரித்த பழைய தடுப்பூசியின் நினைவு. அதை உருவாக்கியவர் வட இந்தியாவின் கசௌலியில் பணியாற்றிய டேவிட் செம்பிள். இன்று கையிலேயே சில ஊசிகளோடு முடிந்துவிடுகிறது. ஆகவே அந்தப் பயத்தால் எவரும் தாமதிக்க வேண்டாம்: கடிவாயைச் சோப்புப் போட்டு ஓடும் நீரில் 15 நிமிடம் கழுவிவிட்டு உடனே மருத்துவமனைக்குச் செல்ல வேண்டும். நோய்க்குறி தோன்றிவிட்டால் காப்பாற்றுவது ஏறத்தாழ இயலாது.

உங்கள் கழுத்தில் தொங்கும் ஸ்டெதஸ்கோப்பும் பாரிஸில் பிறந்ததே. 1816இல் லென்னெக் என்ற மருத்துவர், ஒரு பெண்ணின் மார்பில் நேரடியாகக் காது வைத்துக் கேட்பது முறையன்று என்று தயங்கி, தாள்களைச் சுருட்டிக் குழலாக்கி ஒரு முனையை மார்பிலும் மறுமுனையைக் காதிலும் வைத்தார். இதயத்துடிப்பு முன்னைவிடத் தெளிவாகக் கேட்டது.

கேள்வி (சிறப்பாசிரியை, திருநெல்வேலி): பார்வையற்ற என் மாணவர்கள் பிரெயிலைப் பற்றி எழுதும்படி கேட்டார்கள்.

பதில்: அவர்களுக்கு என் அன்பைச் சொல்லுங்கள். லூயி பிரெயில் 1809இல் பாரிஸுக்கு அருகிலுள்ள கூவ்ரே என்ற சிற்றூரில், குதிரைச் சேணம் தைக்கும் தொழிலாளியின் மகனாகப் பிறந்தார். 3 வயதில் தந்தையின் பட்டறையில் தோல் துளைக்கும் ஊசியோடு விளையாடி ஒரு கண்ணைக் குத்திக்கொண்டார். புண் மறு கண்ணுக்கும் பரவி இரண்டும் போயின. பாரிஸில் பார்வையற்ற சிறுவர்களுக்கான பள்ளியில் அன்று இருந்த நூல்கள், சாதாரண எழுத்தைப் புடைப்பாக அச்சிட்டவை. ஒவ்வோர் எழுத்தின் வளைவையும் விரலால் தடவித் தேட வேண்டும். அவற்றைக் கொண்டு மாணவர் தாமே எழுதவும் முடியாது.

பார்பியே என்பவர் 12 புள்ளிகளால் ஆன ஓர் எழுத்து முறையை அந்தப் பள்ளிக்குக் கொண்டுவந்தார். 12 புள்ளிகள் ஒரு விரல்நுனிக்குள் அடங்கவில்லை. அதை 6 புள்ளிகளாகக் குறுக்கி, விரலை நகர்த்தாமலே ஒரே தொடுதலில் ஓர் எழுத்தை உணரும்படி 15 வயது பிரெயில் மாற்றியமைத்தார். 6 புள்ளிகளிலிருந்து 63 வடிவங்கள் கிடைக்கின்றன. இசைக் குறிகளுக்கும் கணிதத்துக்கும்கூட அவை போதும். பார்வையுள்ளவர்கள் பார்வையற்றவர்களுக்காகச் செய்த எழுத்து தோற்ற இடத்தில், படிப்பவரின் விரலே செய்துகொண்ட எழுத்து வென்றது. ஆனால் அவர் காசநோயால் 1852இல் இறந்து 2 ஆண்டுகள் கழித்தே அவர் படித்த பள்ளி அதை அதிகாரப்பூர்வமாக ஏற்றது.

உங்கள் மாணவர்கள் படிக்கும், இந்திய மொழிகளுக்குப் பொதுவான பாரதி பிரெயிலில் "அ" என்பது இடது மேல்மூலையில் ஒற்றைப் புள்ளி. பிரெஞ்சு மாணவரின் முதல் எழுத்தும் அதே புள்ளிதான். நம் "க", "ம", "ல" ஆகியவையும் அவர்களுடைய அதே ஒலிகளுக்கு உரிய புள்ளிகளையே கொண்டுள்ளன. ஒரு பிரெஞ்சுச் சிறுவரும் ஒரு தமிழ்ச் சிறுவரும் அருகருகே அமர்ந்தால், பேச்சு புரியாவிட்டாலும் விரலுக்குப் பல எழுத்துகள் புரியும்.

கேள்வி (பிரபு, கோயம்புத்தூர்): திரைப்படத்தைக் கண்டுபிடித்தவர் எடிசன் அல்லவா?

பதில்: எடிசனின் நிறுவனம் முன்பே செய்த கருவியில் ஒருவர் மட்டும் பெட்டிக்குள் குனிந்து பார்க்க வேண்டும். 1895 டிசம்பர் 28 அன்று பாரிஸில் லூமியேர் சகோதரர்கள் காசு வாங்கிக்கொண்டு திரையில் படம் காட்டியபோது, முன்பின் அறியாதவர்கள் இருட்டில் சேர்ந்து உட்கார்ந்து ஒன்றைப் பார்த்தார்கள். நாம் சினிமா என்று சொல்வது அந்த அனுபவத்தைத்தான். அடுத்த ஆண்டு ஜூலை 7 அன்றே அவர்களுடைய படங்கள் பம்பாயில் காட்டப்பட்டன. உங்கள் ஊருக்கும் இதில் பங்குண்டு: திருச்சியில் ரயில்வே ஊழியராக இருந்த கோவைக்காரர் சாமிக்கண்ணு வின்சென்ட், 1905இல் டுபாண்ட் என்ற பிரெஞ்சுக்காரரிடமிருந்து படக்கருவியையும் படச்சுருள்களையும் விலைக்கு வாங்கி, கூடாரம் அடித்து ஊர் ஊராகப் படம் காட்டினார்.

கேள்வி (அமுதா, விழுப்புரம்): சுதந்திரம், சமத்துவம், சகோதரத்துவம் என்றவர்களே அடிமைகளையும் குடியேற்ற நாடுகளையும் வைத்திருந்தார்களே? அதையும் கொடை என்பீர்களா?

பதில்: கேட்க வேண்டிய கேள்வி. 1789 ஆகஸ்ட் 26 அன்று ஏற்கப்பட்ட உரிமைப் பிரகடனம், மனிதர் சுதந்திரராகவும் உரிமையில் சமமாகவும் பிறக்கின்றனர் என்று தொடங்குகிறது. அதில் பெண்கள் எங்கே என்று கேட்டு 1791இல் பெண்ணுரிமைப் பிரகடனம் எழுதிய ஒலாம்ப் தெ கூஜ் 1793இல் கில்லட்டினில் கொல்லப்பட்டார். பிரெஞ்சுப் பெண்களுக்கு வாக்குரிமை கிடைத்தது 1944இல்தான். கரீபியக் கடலில் பிரெஞ்சுக் குடியேற்ற நாடாக இருந்த ஹெய்ட்டியின் அடிமைகள் 1791இல் கிளர்ந்தெழுந்தனர். 1794இல் பாரிஸ் அடிமைமுறையை ஒழித்தது. 1802இல் நெப்போலியன் அதைத் திரும்பக் கொண்டுவர முனைந்தார். ஹெய்ட்டி மக்கள் அவருடைய படையை முறியடித்து 1804இல் விடுதலை பெற்றார்கள். அந்த விடுதலைக்கு விலையாக 1825இல் 15 கோடி பிராங்க் கேட்டு பிரான்ஸ் போர்க்கப்பல்களை அனுப்பியது. அந்தக் கடன் ஹெய்ட்டியைத் தலைமுறைகளுக்கு நசுக்கியது.

ஆகவே என் விடை இது: அந்தச் சொற்களை எழுதியவர்கள் பிரெஞ்சுக்காரர்கள், அவற்றை முழுப் பொருளில் எடுத்துக்கொண்டவர்கள் ஹெய்ட்டியின் அடிமைகள். அந்தக் கொடையில் பாதிக்கு மேல் அவர்களுக்கே உரியது. நம் அரசியல் சாசனத்தின் முகப்புரையில் அதே மூன்று சொற்கள் இருந்தாலும், அவற்றைத் தாம் பிரெஞ்சுப் புரட்சியிலிருந்து எடுக்கவில்லை, புத்தரிடமிருந்தே பெற்றதாக அம்பேத்கர் 1954இல் கூறியதையும் இங்கே நினைவுகொள்ள வேண்டும்.

கேள்வி (கல்லூரி மாணவர், புதுச்சேரி): படிப்புக்காகப் பாரிஸ் செல்கிறேன். நீங்கள் சொன்னவற்றில் எதைக் கட்டாயம் பார்க்க வேண்டும்?

பதில்: லக்சம்பர்க் தோட்டத்துக்கு எதிரே வோஜிரார் தெருவில் 36ஆம் எண் கட்டடத்தின் வளைவுக்கூரையின் கீழ்ப் போய் நில்லுங்கள் தம்பி. சுவரில் ஒரு பளிங்குக் கல் பதித்திருக்கிறது. புதிய அளவை எவ்வளவு நீளம் என்று மக்கள் தாமே வந்து பார்த்துக்கொள்வதற்காக 1796, 1797ஆம் ஆண்டுகளில் நகரெங்கும் வைத்த 16 மீட்டர்களில் ஒன்று அது. அனுமதிச் சீட்டு கிடையாது, காவலர் கிடையாது. இங்கிருந்து புறப்படும்போது தையற்கடையில் ஓர் அளவு நாடா வாங்கிப் பெட்டியில் வைத்துக்கொள்ளுங்கள். அந்தக் கல்லின்மேல் வைத்துப் பார்த்துவிட்டு எனக்கு எழுதுங்கள்.