'பிரம்மச்சாரி' என்று போடலாமா?

கேள்வி: என் தம்பிக்கு 34 வயது. ஜாதகத்தோடு கொடுக்கும் விவரத்தாளில் 'பிரம்மச்சாரி' என்று அச்சடித்திருந்தோம். "மாப்பிள்ளை சாமியாராகப் போகிறாரோ என்று பெண் வீட்டார் நினைப்பார்கள், மாற்றுங்கள்" என்கிறார் தரகர். 'பேச்சிலர்' என்பதற்கு அதுதானே தமிழ்? வேறென்ன போடுவது?

பதில்: தரகர் சொல்வதைக் கேளுங்கள். 'மணமாகாதவர்' என்று போடுங்கள், போதும்.

பிரம்மச்சாரி என்ற சொல் பிறந்தது கல்யாணம் ஆகாததைச் சொல்ல அல்ல, படிப்பைச் சொல்ல. பிரம்மம் என்பதற்கு வடமொழியில் வேதம் என்றும் பொருள் உண்டு. பூணூல் போட்டு, குருவின் வீட்டில் தங்கி, பிச்சை எடுத்து உண்டு, வேதம் ஓதுகிற மாணவன்தான் பிரம்மச்சாரி. நான்கு ஆசிரமங்களில் இது முதல் படி. படிப்பு முடிந்தால் வீடு திரும்பி மணம் செய்துகொள்வதே வழக்கம். ஆயுளுக்கும் அப்படியே இருந்துவிடுகிறவரை 'நைட்டிகப் பிரம்மச்சாரி' என்று தனியே பிரித்தார்கள். நாம் 'கட்டை பிரம்மச்சாரி' என்கிறோமே, அந்த இடம்.

அந்த மாணவனைக் கண்ணால் பார்க்க வேண்டுமானால் குறுந்தொகை 156ஆம் பாட்டுக்குப் போக வேண்டும். பட்டை உரித்த முருக்கங்கோல், அதோடு தொங்கும் கமண்டலம், விரத உணவு. பிரம்மச்சாரி என்ற சொல் பாட்டில் இல்லை. கோலம் முழுக்க இருக்கிறது. காதலில் தவிக்கும் தலைவன் அவனிடம் கேட்கிறான்: உங்கள் எழுதாத மறையில் பிரிந்தவரைச் சேர்த்துவைக்கும் மருந்து உண்டா? எத்தனை முறை படித்தாலும் எனக்கு மனம் இளகுகிற கேள்வி அது.

படிப்பிலிருந்து சொல் மெல்லப் புலனடக்கத்துக்கு நகர்ந்தது. காந்தி 1906இல் பிரம்மச்சரிய விரதம் எடுத்தபோது அவர் நான்கு பிள்ளைகளின் தகப்பன்; கஸ்தூர்பா உடன் வாழ்ந்துகொண்டிருந்தார். மணமானவரும் ஏற்கக்கூடிய நோன்பின் பெயரை மணமாகாதவருக்கெல்லாம் ஒட்டுவது பொருந்தாது. தரகருக்கு உறுத்தியதும் இதுதான்.

'பேச்சிலர்' கதையும் ஏறக்குறைய இதே வழியில் வந்ததுதான். பழைய பிரெஞ்சிலிருந்து ஆங்கிலத்துக்கு வந்தபோது அது, சொந்தக் கொடி இல்லாமல் இன்னொரு தலைவனின் கொடிக்குக் கீழே போரிடும் இளம் வீரனைக் குறித்தது. பிறகு பல்கலைக்கழகத்தின் முதல் பட்டத்துக்கும் அதே பெயர். பி.ஏ.வை நாம் 'இளங்கலை' என்பதில் அந்த இளமை அப்படியே நிற்கிறது. மணமாகாத ஆண் என்ற பொருள் 14ஆம் நூற்றாண்டிலேயே வந்துவிட்டது. ஆனால் இங்கிலாந்திலும் வேல்ஸிலும் திருமணப் பதிவில் அந்தச் சொல்லை 2005 டிசம்பரில் விட்டுவிட்டார்கள், இப்போது 'சிங்கிள்'தான்.

நம் ஊர் வாடகை வீட்டுப் பேச்சில் அது இன்னொரு பொருளுக்கு மாறிவிட்டது. மனைவி மக்களை ஊரில் விட்டுவிட்டுச் சென்னையில் அறை எடுத்திருப்பவரும் வீட்டுக்காரருக்கு 'பேச்சிலர்'தான். 'ஒண்டிக்கட்டை'யும் அப்படியே, மனைவியை இழந்தவருக்கும் அது பொருந்தும். ஆகவே இரண்டும் விவரத்தாளுக்கு உதவாது.

அரசுத் தாள்களிலும் 'மணமாகாதவர்' அல்லது 'திருமணமாகாதவர்' என்றே எழுதுங்கள். 1954ஆம் ஆண்டின் சிறப்புத் திருமணச் சட்டத்தில் உள்ள அறிவிப்புப் படிவம் மணமாகாதவர், மனைவியை இழந்தவர், மணமுறிவு பெற்றவர் என்று மூன்றாகப் பிரித்தே கேட்கிறது. வெளிநாட்டு வேலைகளுக்காகச் சான்று தேவைப்பட்டால், 'திருமணமாகாதவர் சான்றிதழ்' என்ற பெயரிலேயே இ-சேவை மையம் வழியாக வருவாய்த் துறையிடம் விண்ணப்பிக்கலாம். ஒருமுறை மணமாகி முறிந்தவர் 'மணமாகாதவர்' என்று எழுதக் கூடாது. அது பொய்த் தகவல், பின்னால் வழக்காகும்.

நல்லபடியாகக் கல்யாணம் கூடி வந்து, பத்திரிகை அடிக்கும்போது தம்பியின் பெயருக்கு முன்னால் 'திருவளர்செல்வன்' என்று போடுங்கள். அச்சகத்தில் வழக்கமாக 'திருவளர்ச்செல்வன்' என்று ஒரு 'ச்' சேர்த்துவிடுவார்கள். அது வினைத்தொகை, வல்லினம் மிகாது. மெய்ப்புப் பார்க்கும்போது அந்த ஒற்றை அடித்துக் கொடுத்துவிடுங்கள்.