ஜிலேபி பிடிக்க எந்த ராடு, எந்த ரீல்? முதலில் நரம்பைப் பாருங்கள்

கடலூர் மஞ்சக்குப்பத்திலிருந்து ஒரு தம்பி கேட்டிருக்கிறார்: "அண்ணா, அமெரிக்காவில் 'பேன்ஃபிஷ்' என்று சின்ன மீன்களைப் பிடிக்கும் வீடியோக்களைப் பார்த்துப் பார்த்து எனக்கும் ஆசை வந்துவிட்டது. நம்ம பக்கத்து ஏரி குளங்களில் ஜிலேபி, பனையேறி மீன் பிடிக்க ராடு, ரீல், நரம்பு (தூண்டில் நூல்) வாங்கணும். கையில் 4,000 ரூபாய் இருக்கிறது. ஒரு கடையில் 9 அடி ராடும் 6000 நம்பர் ரீலும் சேர்த்து 3,500-க்குத் தருகிறார்கள். ஏரிக்கும் ஆகும், கடலுக்கும் ஆகும் என்கிறார்கள். வாங்கலாமா? பையனுக்கு எட்டு வயது, அவனையும் கூட்டிப் போகணும். அவன் கையில் எதைக் கொடுப்பது?"

வேண்டாம் தம்பி, வாங்காதீர்கள். அந்த செட்டு தேவனாம்பட்டினம் கடற்கரையில் நின்று 80 கிராம் ஈயத்தை அலைக்கு அப்பால் வீசுவதற்கு உரியது. ஜிலேபிக்கு நீங்கள் வீசப்போவது ஒரு சின்னத் தக்கை, ஒரு மிளகு அளவு ஈயம், தூண்டில் முள்ளில் கொஞ்சம் புழு, எல்லாம் சேர்ந்து ஐந்து கிராம் வந்தால் அதிகம். அந்த ஐந்து கிராமை அவ்வளவு முரட்டு ராடு உணராது. வளையவே வளையாது, வளையாத ராடு எதையும் வீசாது, பத்தடி தள்ளி விழும். மீன் கடிப்பதும் கைக்குத் தெரியாது. என் அக்கா மகனுக்கு நானே இந்தத் தவறைச் செய்திருக்கிறேன், பெரிதாக வாங்கிக் கொடுத்தால் எல்லாவற்றுக்கும் உதவும் என்று நினைத்து ஒரு கடல் ராடை வாங்கிக் கொடுத்துவிட்டேன். பாகூர் ஏரிக்கரையில் மூன்று ஞாயிற்றுக்கிழமை உட்கார்ந்தான், புழு மட்டும் காலியாகிக்கொண்டே இருந்தது, ஒரு மீன்கூட ஏறவில்லை. நாலாவது வாரம் கூப்பிட்டபோது வரவில்லை. அந்த வருத்தத்தில்தான் இவ்வளவு விரிவாக எழுதுகிறேன்.

கடைக்குப் போனால் எல்லோரும் முதலில் ராடைக் கையில் எடுக்கிறார்கள், அப்புறம் அதற்கு ஒரு ரீல், கடைசியில் கடைக்காரர் எதைச் சுற்றிக் கொடுக்கிறாரோ அந்த நரம்பு. இதை அப்படியே தலைகீழாகச் செய்யுங்கள். மீனின் வாயைப் பாருங்கள், அதற்கேற்ற முள், அந்த முள்ளுக்கேற்ற நரம்பு, அந்த நரம்பு சுருளாமல் உட்காரும் ரீல், அந்த நரம்பையும் எடையையும் தாங்குவதாக எழுதியிருக்கும் ராடு. இந்த வரிசையில் போனால் தப்பாக வாங்கவே முடியாது.

நம் ஏரிகளில் இருக்கும் ஜிலேபி 1952-இல் இந்தியாவுக்குக் கொண்டுவரப்பட்ட ஆப்பிரிக்க மீன். இன்று அது இல்லாத குட்டை இல்லை, உப்புத் தண்ணீரையும் தாங்கும் என்பதால் சுண்ணாம்பாறு, உப்பனாறு மாதிரி கழிமுகத் தண்ணீரிலும் கிடைக்கும். கைக்கு வருவது பெரும்பாலும் கால் கிலோவுக்குள், அரை கிலோ வந்தால் அன்று நல்ல நாள். வாய் சின்னது, இரையை லபக்கென்று விழுங்காது, நுனியைக் கடித்துக் கடித்து இழுக்கும். பனையேறி அதைவிடச் சின்னது, ஆனால் வேகமாக எடுக்கும். (கழற்றும்போது கவனம், அதன் செவுள் மூடி ரம்பம் மாதிரி இருக்கும்.) இரண்டுக்கும் 8 அல்லது 10-ஆம் நம்பர் முள் போதும். முள்ளில் நம்பர் ஏற ஏற அளவு சின்னதாகும், புதிதாக வருகிறவர்கள் இதைத்தான் மாற்றிப் புரிந்துகொள்கிறார்கள்.

சரி, நரம்பு. உங்களுக்கு நான் சொல்வது சாதாரண நைலான் நரம்பு, 6 பவுண்டு, நிறமில்லாதது. 6 பவுண்டு என்றால் 2.7 கிலோ இழுவையைத் தாங்கும், தடிமன் 0.22 மில்லிமீட்டர் பக்கத்தில் இருக்கும். அரை கிலோ மீனுக்கு இது தாராளம். வலைக்கடையில் எடை போட்டுத் தரும் தடித்த தங்கூசி நரம்பை மலிவாகக் கிடைக்கிறதே என்று சுற்றிவிடாதீர்கள். 0.40 மில்லிமீட்டர் நரம்பு 0.20-ஐப் போல இரண்டு மடங்கு தடிமன்தானே என்று தோன்றும், ஆனால் குறுக்குவெட்டில் பார்த்தால் நாலு மடங்கு நைலான். அவ்வளவு விறைப்பான நரம்பு சின்ன ரீலில் அடங்காது, வீசும்போது ஸ்பிரிங் மாதிரி மொத்தமாகக் குதித்து வெளியே வந்து சிக்கிக்கொள்ளும். தண்ணீருக்குள் போன பிறகும் புழுவை இயல்பாக அசையவிடாது, ஜிலேபி மாதிரி சந்தேகம் பிடித்த மீன் கிட்ட வந்து பார்த்துவிட்டுத் திரும்பிப் போகும்.

பின்னல் நரம்பு வாங்கலாமா என்று அடுத்து கேட்பீர்கள், வீடியோக்களில் எல்லோரும் அதைத்தான் போடுகிறார்கள். மெல்லிசாக இருந்துகொண்டே அதிக எடை தாங்கும், தூரம் போகும், உண்மைதான். ஆனால் அது இழுபடாது. நைலான் கொஞ்சம் ரப்பர் மாதிரி நீளும், மீன் திடீரென்று தலையை உதறும்போது அந்த நீட்சிதான் முள் கிழித்துக்கொண்டு வராமல் காப்பாற்றுகிறது. பின்னல் நரம்பில் அந்த வசதி இல்லை, நுனியில் வேறு நரம்பைத் தனியாகக் கட்டவும் தெரிந்திருக்க வேண்டும், காற்றடிக்கும் நாளில் சிக்கு விழுந்தால் பிரிக்கவே முடியாது, வேகமாக இழுத்தால் விரலையும் அறுக்கும். முதல் வருஷம் வேண்டாம். ஃபுளோரோகார்பன் நரம்பு தண்ணீரில் அதிகம் தெரியாது என்பார்கள், அதுவும் சரி, ஆனால் நம் ஏரித் தண்ணீர் கலங்கல், அதற்காகக் காசு செலவழிக்கத் தேவையில்லை. அந்தக் காசுக்கு ஆறு மாதம் கழித்து நைலானையே புதிதாக மாற்றுங்கள். நம்ம ஊர் வெயிலில் நைலான் சீக்கிரம் நைந்துவிடும், விரலால் தடவும்போது சொரசொரப்பாக இருந்தால் அந்தப் பகுதியை வெட்டி எறிந்துவிட வேண்டும். முள்ளைக் கட்டும்போது முடிச்சை இறுக்குவதற்கு முன்னால் எச்சில் வைத்து நனைத்துக்கொள்ளுங்கள். காய்ந்தபடியே இறுக்கினால் உரசும் சூட்டில் நைலான் பலவீனமாகி, பெரிய மீன் வரும்போது சரியாக முடிச்சில்தான் அறும்.

ரீல் 1000-லிருந்து 2000 நம்பர் வரை எதுவானாலும் சரி, 2500 கடைசி எல்லை (ரீலில் நம்பர் ஏற ஏற அளவு பெரிதாகும்). கம்பெனிக்குக் கம்பெனி இந்த நம்பர் கொஞ்சம் மாறும், அதனால் நரம்பு சுற்றும் உருளையான ஸ்பூலில் அச்சடித்திருப்பதைப் படியுங்கள். 6 பவுண்டு நரம்பு எத்தனை மீட்டர் பிடிக்கும் என்று எழுதியிருந்தால் அது உங்களுக்கான ரீல், 20 பவுண்டிலிருந்துதான் கணக்கே ஆரம்பிக்கிறது என்றால் கீழே வைத்துவிடுங்கள். 'பத்து பேரிங்' என்று அட்டையில் பெரிதாகப் போட்டிருப்பதைப் பார்த்து மயங்க வேண்டாம், நல்ல நாலு பேரிங் மோசமான பத்தைவிட மென்மையாகச் சுற்றும். கைப்பிடியைச் சுற்றிப் பாருங்கள், கரகரவென்று இருக்கக் கூடாது, சுழலும் பகுதி ஆடக் கூடாது. நரம்பை ஸ்பூலின் விளிம்புக்கு 2 மில்லிமீட்டர் கீழே வரை நிரப்பச் சொல்லுங்கள். கம்மியாக இருந்தால் விளிம்பில் உரசி தூரம் போகாது, விளிம்புவரை நிரப்பினால் கொத்தாகக் கழன்று விழும்.

அதைவிட முக்கியம் டிராக். மீன் பலமாக இழுக்கும்போது நரம்பு அறுவதற்கு முன்னால் ரீலே கொஞ்சம் விட்டுக்கொடுக்கும் அமைப்பு அது. இதை இறுக்கி வைத்துக்கொண்டு மீன் பிடிப்பவர்களைக் கரையெல்லாம் பார்க்கிறேன், மனசு கேட்கவில்லை, மீன் வாயில் முள்ளோடு அறுத்துக்கொண்டு போய்விடுகிறது. நரம்பின் பலத்தில் நாலில் ஒரு பங்கிலிருந்து மூன்றில் ஒரு பங்குக்குள் வைக்க வேண்டும் என்பது கணக்கு. 6 பவுண்டு நரம்புக்கு அது 700-லிருந்து 900 கிராம். தராசு தேடிப் போக வேண்டாம், ஒரு லிட்டர் தண்ணீர் பாட்டிலில் முக்கால் வாசி தண்ணீர் ஊற்றி, ரீலிலிருந்து வரும் நரம்பை நேராக அதன் கழுத்தில் கட்டித் தூக்கிப் பாருங்கள். பாட்டில் மெதுவாக, விட்டுவிட்டு இல்லாமல் ஒரே சீராகக் கீழே இறங்கினால் டிராக் சரி. திக்கித் திக்கி இறங்கினால் அந்த ரீலே வேண்டாம்.

ராடைப் பற்றி அதிகம் சொல்ல ஒன்றுமில்லை. 6 அடி, இரண்டு துண்டு, 'லைட்' அல்லது 'அல்ட்ரா லைட்'. கைப்பிடிக்கு மேலே சின்ன எழுத்தில் 4-8 பவுண்டு (நரம்பு), 2-10 கிராம் (வீசும் எடை) மாதிரி போட்டிருக்கும், அதுதான் ராடின் ஜாதகம். கண்ணாடி இழை கலந்ததை எடுங்கள், முழு கார்பன் லேசாக இருக்கும் ஆனால் பைக்கில் கட்டிக்கொண்டு போகும்போது ஒரு இடி பட்டால் விரிசல் விடும். நரம்பு போகும் வளையங்கள் நுனி வளையத்தோடு சேர்த்து குறைந்தது ஏழு இருக்கட்டும். ஒவ்வொரு வளையத்துக்குள்ளும் கொஞ்சம் பஞ்சை விட்டு இழுத்துப் பாருங்கள், பஞ்சு ஒட்டிக்கொண்டால் அங்கே கீறல் இருக்கிறது, அந்தக் கீறல் உங்கள் நரம்பைத் தினமும் அறுக்கும். காசைப் பிரிப்பதில் ரீலுக்குப் பாதி, ராடுக்கு மூன்றில் ஒரு பங்கு, மீதியில் நரம்பு, முள், தக்கை என்று வைத்துக்கொள்ளுங்கள். நல்ல ரீல் சுமாரான ராடைத் தூக்கி நிறுத்தும், மோசமான ரீலை எந்த ராடாலும் காப்பாற்ற முடியாது.

நீங்கள் பார்த்த அமெரிக்க வீடியோக்களில் பிடிப்பது ப்ளூகில், கிராப்பி, பெர்ச் மாதிரியான மீன்கள். வாணலியில் முழுசாக அடங்கும் அளவு என்பதால் அந்தப் பெயர். அவர்கள் 2, 4 பவுண்டு நரம்பில் ஒரு கிராம், இரண்டு கிராம் செயற்கை இரையை வீசுவார்கள். கிராப்பியின் வாய் காகிதம் மாதிரி மெல்லிசு, அதற்கு அந்த அளவு மென்மை தேவை. நமக்கு அந்த 2 பவுண்டு சரிப்படாது. நம் கரைகளில் கோரை, தாமரைத் தண்டு, ஆகாயத்தாமரை, போதாக்குறைக்கு ஜிலேபிக்குப் போட்ட புழுவை ஒரு விரால் எடுத்துவிட்டால் என்ன செய்வது? அதனால்தான் 6 என்கிறேன்.

கடலுக்கும் ஆகுமா என்றால், அலைக்கு ஆகாது, கழிமுகத்துக்கு ஆகும். அரியாங்குப்பம் ஆற்றிலோ உப்பனாற்று ஓரத்திலோ இறால் துண்டு போட்டு கிழங்கான், காரை பிடிக்க இதே செட்டு அருமையாக இருக்கும், கிழங்கானுக்கும் மென்மையான வாய்தான். கொடுவா இருக்கும் இடத்தில் மட்டும் வேண்டாம், அதன் செவுள் விளிம்பு 6 பவுண்டு நரம்பை ஒரே உதறலில் அறுத்துவிடும். இருங்கெளுத்தி வந்தால் கையால் தொடாதீர்கள், அதன் துடுப்பு முள்ளில் விஷம் உண்டு, நரம்பை வெட்டி விட்டுவிடுங்கள். உப்புத் தண்ணீருக்குப் போய்வந்த அன்றே ரீலின் டிராக்கை இறுக்கிவிட்டு குழாயை மெல்லத் திறந்து தூறலாகக் கழுவ வேண்டும், வாளியில் முக்கக் கூடாது. காய்ந்த பிறகு டிராக்கைத் தளர்த்தி வையுங்கள். ஒரே ஒரு ராத்திரி சோம்பலில் நான் ஒரு நல்ல ரீலை இழந்தேன், இரண்டு வாரத்தில் உள்ளே உப்புப் பூத்து இறுகிப்போனது.

இடம் பற்றியும் ஒரு வார்த்தை. ஊசுட்டேரி பறவைகள் சரணாலயம், அங்கே தூண்டிலோடு போகாதீர்கள். மற்ற ஏரிகளில் பல இடங்களில் மீன் குத்தகைக்கு விட்டிருப்பார்கள், குத்தகைக்காரரைக் கண்டு ஒரு வார்த்தை கேட்டுவிட்டால் பெரும்பாலும் ஓரமாக உட்கார விடுவார்கள். ஐப்பசி, கார்த்திகை மழையில் சாத்தனூர் அணையைத் திறந்தால் பெண்ணையாறு எப்படி வரும் என்று கடலூர்க்காரருக்கு நான் சொல்லித் தர வேண்டியதில்லை, அந்த நாட்களில் ஆற்றோரமே வேண்டாம்.

பையனுக்கு ரீல் வேண்டாம் தம்பி. எட்டடியில் நல்ல காய்ந்த மூங்கில் கோல், அதன் நீளத்துக்கே 6 பவுண்டு நரம்பு, ஒரு தக்கை, 10-ஆம் நம்பர் முள். முள்ளின் உள்பக்கம் இருக்கும் சின்ன எதிர்முள்ளைக் குறடால் அமுக்கிவிடுங்கள், விரலில் குத்தினாலும் சுலபமாக வந்துவிடும். ஜிலேபி கரையோரத்திலேயே மேய்வதால் அவன் உங்களைவிட அதிகம் பிடிக்கவும் வாய்ப்பிருக்கிறது. கோல் நீளம் என்பதால் கரைமேல் கரண்டு கம்பி போகிறதா என்று முதலில் அண்ணாந்து பாருங்கள். அவன் தக்கையின் நுனி மட்டும் தண்ணீருக்கு மேல் தெரிகிற மாதிரி ஈயத்தைக் கூட்டிக் குறைத்து வையுங்கள், அப்போதுதான் ஜிலேபி நுனியைக் கடிப்பது அவன் கண்ணுக்குத் தெரியும். நீங்கள் வலது கையால் வீசுகிறவர் என்றால் அவனை எப்போதும் உங்கள் இடது பக்கம், நாலடி தள்ளி உட்கார வையுங்கள்.