ஹாலில் கிறிஸ்துமஸ் ஜாஸ்: மும்பை நண்பர்களின் சரவுண்ட் கேள்விகள்

செம்பூர்: அண்ணா, கிறிஸ்துமஸ் ஜாஸை, சுற்றிலும் ஸ்பீக்கர் வைத்து, நல்ல சரவுண்டில் கேட்கணும். எதில் ஆரம்பிக்கலாம்?

வின்ஸ் குவரால்டி ட்ரையோவின் 'எ சார்லி பிரவுன் கிறிஸ்துமஸ்'. 1965இல் அமெரிக்கத் தொலைக்காட்சிப் படத்துக்காக வந்த இசை. பியானோ, பேஸ், டிரம்ஸ், சில இடங்களில் சிறுவர் குரல்கள், அவ்வளவுதான். 2022இல் வந்த பெரிய பதிப்பின் ப்ளூ-ரேயில் டால்பி அட்மாஸ் மிக்ஸ் இருக்கிறது, அதாவது ஒலியைச் சுற்றிலும் தலைக்கு மேலும் பரப்பும் சரவுண்ட் வடிவம். கருவிகள் குறைவு என்பதால் உங்கள் செட்டின் குறைகளும் உடனே தெரிந்துவிடும். டிரம்மில் பிரஷ் உரசுவது வெறும் இரைச்சலாகக் கேட்டால், முதலில் ஸ்பீக்கர்களைச் சரிபாருங்கள்.

தாராவி: அண்ணாச்சி, 1960களில் ஏது சரவுண்ட்? இதெல்லாம் ஏமாத்து வேலைதானே?

டேப்பைப் பொறுத்தது. கருவிகளைத் தனித்தனி ட்ராக்கில் பதிந்த மூல டேப் கிடைத்தால், அவற்றைப் புதிதாகக் கலந்து மிக்ஸ் செய்வது நியாயமான வேலைதான். இரண்டு ட்ராக் ஸ்டீரியோ மட்டுமே மிஞ்சியிருந்தால் மென்பொருளால் பிரித்தெடுக்க வேண்டும். அதில் டிரம்ஸின் சிம்பல் தட்டு ஓசை நீர்த்துப்போகும் அபாயம் உண்டு.

1950களிலேயே இடது, நடு, வலது என மூன்று ட்ராக்கில் பதியும் கருவிகள் வந்துவிட்டன. அமெரிக்க இசைத்தட்டு நிறுவனமான ஆர்சிஏவின் லிவிங் ஸ்டீரியோ பதிவுகளில் சிலவற்றை 2004 முதல் அப்படியே மூன்று சேனலாக எஸ்ஏசிடியில் (சிடியைவிடத் தரமான, சரவுண்டும் தாங்கும் டிஸ்க்) வெளியிட்டார்கள். அவை ஜாஸ் அல்ல, மேற்கத்திய செவ்வியல். ஆனாலும் பின்ஸ்பீக்கரைச் சும்மா விட்ட அந்த நேர்மை எனக்குப் பிடிக்கும்.

முலுண்ட்: எஸ்ஏசிடி என் பழைய சிடி பிளேயரில் பாடுமா?

'ஹைப்ரிட்' வகை என்றால் பாடும், ஆனால் அதிலுள்ள சிடி அடுக்கு மட்டும், வெறும் ஸ்டீரியோவாக. சரவுண்டுக்கு எஸ்ஏசிடி படிக்கும் பிளேயரும், எச்டிஎம்ஐ அல்லது பல சேனல் அனலாக் கேபிள்கள் வழியாக அதை வாங்கி ஸ்பீக்கர்களுக்கு அனுப்பும் ரிசீவரும் வேண்டும். ஆப்டிகல் கேபிள் உதவாது. லாமிங்டன் ரோடு எலக்ட்ரானிக்ஸ் கடைகளில் யாராவது அதுவே போதும் என்றால் நம்பாதீர்கள்.

அந்தேரி: ஸ்ட்ரீமிங் அட்மாஸும் டிஸ்க்கும் ஒண்ணா?

இல்லை. டிஸ்க்கில் பெரும்பாலும் ட்ரூஎச்டி என்ற டால்பி வடிவம், ஒலியில் எதுவும் இழக்காதது. ஸ்ட்ரீமிங்கில் வருவது சுருக்கப்பட்ட வடிவம். ஆனால் ஜன்னலுக்கு வெளியே ஹார்ன் அடித்துக்கொண்டிருக்கும் வீட்டில் இந்த வித்தியாசத்துக்காகத் தூக்கத்தைக் கெடுத்துக்கொள்ள வேண்டாம். மோசமான மிக்ஸ் எந்த வடிவில் வந்தாலும் மோசம்தான்.

மாட்டுங்கா: சார், ஹால் பத்துக்குப் பன்னிரண்டு. சோபா பின்சுவரை ஒட்டி. பின்ஸ்பீக்கரை எங்கே வைப்பது?

மும்பையில் பாதிப் பேருக்கு இதே நிலைமை. 5.1க்கு (ஐந்து ஸ்பீக்கர், தாழ்ந்த ஒலிக்கு ஒரு சப்வூஃபர்), முன் ஸ்பீக்கர்கள் நடுவிலிருந்து இருபுறமும் 30 டிகிரி. சரவுண்ட் ஸ்பீக்கர்கள் 100 முதல் 120 டிகிரிக்குள், அதாவது உங்கள் தோளுக்குப் பக்கத்தில், சற்றே பின்னால். முதுகுக்கு நேர் பின்னால் வேண்டியதே இல்லை. சோபாவை ஓரடியாவது முன்னே இழுங்கள். சுவரோரம் தாழ்ந்த பேஸ் ஒலி தேங்கிக் குழம்பும், ஜாஸில் அந்தக் குழப்பம் டபுள் பேஸையே விழுங்கிவிடும். பின்னால் புத்தக அலமாரி இருந்தால் இன்னும் நல்லது. சப்வூஃபரைக் குறைத்தே வையுங்கள். கீழ் வீட்டுக்காரரும் நிம்மதியாக இருப்பார்.

சயான்: எலிங்டனின் 'நட்கிராக்கர்' சரவுண்டில் தேடணுமா?

வேண்டாம். ரஷ்ய இசையமைப்பாளர் சைக்காவ்ஸ்கியின் பாலே இசையை ஜாஸ் கலைஞர்கள் டியூக் எலிங்டனும் பில்லி ஸ்ட்ரேஹார்னும் 1960இல் ஜாஸாக மாற்றிய பதிவு அது. ஸ்டீரியோவிலேயே கேளுங்கள். அப்புறம், ரிசீவரில் 'ஆல் சேனல் ஸ்டீரியோ' பட்டனை மட்டும் அமுக்காதீர்கள், சாக்ஸபோன் முதுகுக்குப் பின்னாலும் நின்று ஊதும்.